கண்ணாடியின் தரமும் கண்ணின் சாட்சியமும்

துப்பாக்கியின் மேல் பொருத்திக் குறிபார்க்கும் தூரதிருஷ்டிக்கு இக்காலத்தில் 'ஸ்கோப்' என்ற பெயரே எங்கும் வழங்கி வருகிறது. அவற்றுள் உயர்ந்த ரகங்கள் 3,000 டாலரும் அதற்கு மேலும் விலை பெறுகின்றன. துப்பாக்கியின் விலையைக் காட்டிலும் அதன் மேலிருக்கும் கண்ணாடியின் விலை மிகுந்துவிடுவதும் அபூர்வமன்று. இவ்வளவு பொருள் கொடுத்து வாங்குவோர் எதைக் கொண்டு ஒன்றினும் மற்றொன்று சிறந்ததென்று நிச்சயிக்கிறார்கள்? பெரும்பாலோர் விலையையும், கம்பெனியின் பெயரையும், நண்பர்களின் வாய்ச்சொல்லையும் கொண்டே நிச்சயிக்கிறார்கள். இம்மூன்றும் நியாயஸ்தலத்தில் சாட்சியமாக நிற்கத் தக்கவையல்ல என்பது நமது அபிப்பிராயம்.

இவ்விஷயத்துக்கு இந்தப் பக்கத்தில் என்ன இடமென்று நமது வாசகர்களில் சிலர் கேட்கக்கூடும். ஜெர்மனியில் காட்டுப்பன்றி வேட்டை பெரும்பாலும் அந்தி மயங்கும் வேளையிலும் நிலவொளியிலும் நடைபெறுகிறது. புதரோரத்தில் கறுத்துத் தெரிவது பன்றியா, குனிந்து நிற்கும் மனிதனா என்பதை அந்தக் கண்ணாடி வழியாகப் பார்த்தே வேட்டைக்காரன் தீர்மானிக்க வேண்டும். எல்லைக் காவலிலுள்ள சிப்பாய்க்கோ தூரத்தில் வருபவன் தோளிலிருப்பது துப்பாக்கியா மண்வெட்டியா என்ற கேள்வி எழுகிறது. அவர்கள் விரலசைவில் அளிக்கும் தீர்ப்புக்கு அப்பீல் கிடையாது. ஆதலால் அத்தீர்ப்புக்கு ஆதாரமான கண்ணாடியை நாம் எவ்வாறு எடைபோடுகிறோம் என்பது வெறும் பொழுதுபோக்கு விஷயமாகாது.

முதலில் வெளிச்சத்தை எடுத்துக்கொள்வோம். பூச்சு இல்லாத கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றும் தன்மேல் விழும் ஒளியில் சுமார் 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. ஒரு ஸ்கோப்பில் காற்றைத் தொடும் பரப்புகள் 16 இருக்குமானால், முடிவில் கண்ணை வந்தடைவது ஏறக்குறையப் பாதியே. 1935-ல் ஸைஸ் கம்பெனியிலிருந்த அலெக்ஸாண்டர் ஸ்மாகுலா, கண்ணாடியின்மீது மிக மெல்லிய படலமொன்றைப் பூசி இந்நஷ்டத்தைக் குறைக்கும் வழியைக் கண்டார். இன்று பல படலங்களாக ஏற்றப்படும் பூச்சினால் ஒரு பரப்பின் நஷ்டத்தை அரைச் சதவீதத்துக்குக் குறைக்க முடிகிறது. அந்தக் கணக்கின்படி அதே 16 பரப்புகளைக் கடந்தும் 92 சதவீதம் மிஞ்சும். உயர்ந்த ரகங்கள் எல்லாமே இந்நிலையை நெருங்கிவிட்டன. ஆயினும் ஒன்றில் 90, மற்றொன்றில் 92 என்று விளம்பரங்கள் போராடுகின்றன. ஒன்றை விட்டு மற்றொன்றை மாறி மாறிப் பார்க்கும் மனிதக் கண் அந்த இரண்டு சதவீதத்தை உணர வல்லதன்று.

கண் உணரக்கூடிய வித்தியாசம் வேறிடத்தில் இருக்கிறது. முன் லென்ஸின் அகலத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால், கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 56 மில்லிமீட்டர் லென்ஸை 8 மடங்கில் வைத்தால் அது 7 மில்லிமீட்டர். அதையே 25 மடங்கில் வைத்தால் 2.24 மில்லிமீட்டர்தான். அந்தியில் 25 மடங்கில் வைத்து 56 மில்லிமீட்டர் ஸ்கோப்பையும் 50 மில்லிமீட்டர் ஸ்கோப்பையும் ஒப்பிடுகிறவர், முன்னதில் கால் பங்கு அதிக வெளிச்சம் காண்பார். உடனே அதன் கண்ணாடியே சிறந்ததென்று புகழத் தொடங்குவார். உண்மையில் அவர் கண்டது அகலத்தின் பலனேயன்றிக் கண்ணாடியின் மேன்மையன்று. அன்றியும், இருளில் இளைஞனுடைய கண்மணி 7 மில்லிமீட்டர் வரை விரியலாம். வயதேற ஏற அவ்விரிவு சுருங்கி, பலருக்கு 5 மில்லிமீட்டரிலேயே நின்றுவிடுகிறது. அப்படிப்பட்டவருக்கு 7 மில்லிமீட்டர் ஒளிக்கற்றையில் வெளிவட்டம் முழுவதும் வீணே. நாற்பதைத் தாண்டிய நாமும் இதை மனத்தில் வைத்துக்கொள்வது நலம்.

அடுத்தது கூர்மை. நல்ல கண், ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கான ஒரு கலையளவு விலகிய இரு புள்ளிகளைப் பிரித்தறியும். ஒரு கலை 60 விகலை கொண்டது. குறையற்ற 56 மில்லிமீட்டர் லென்ஸோ சுமார் 2 விகலையளவு விலகியவற்றையே பிரித்துக் காட்டவல்லது. அதாவது 1,000 மீட்டருக்கு அப்பால் ஒரு சென்டிமீட்டர். பத்து மடங்கு உருப்பெருக்கத்தில் கண்ணுக்கு 6 விகலைக்குக் கீழ் ஒன்றும் எட்டாது. ஆகவே அங்கே நடுத்தரமான கண்ணாடியும் சிரேஷ்டமான கண்ணாடியும் நடுப்பகலில் ஒன்றுபோலவே தோன்றும். 25 மடங்குக்கு ஏற்றினால் கண்ணின் எல்லை 2.4 விகலையாகி லென்ஸின் எல்லையை நெருங்குகிறது; குறைகள் அப்பொழுதுதான் வெளிப்படும். குறைந்த உருப்பெருக்கத்தில் மட்டும் பார்த்துவிட்டு இரண்டும் சமமென்பவர், வழக்கின் பாதியைக் கேட்டுத் தீர்ப்பெழுதுகிறவரை ஒப்பார்.

கூர்மையைக் காட்டிலும் முக்கியமென்று நாம் கருதுவது, வெளிச்சமும் நிழலும் ஒன்றோடொன்று கலவாமல் தனித்து நிற்கும் தன்மையே. குழலுக்குள் சிதறும் ஒளி காட்சியின்மீது வெண்திரைபோலப் படிகிறது. மேற்கே சூரியன் சாய்ந்திருக்க, அதற்குக் கீழேயுள்ள மரநிழலை நோக்கினால் இக்குறை உடனே தெரிந்துவிடும். அடுத்தபடியாக, கறுப்பான கிளையின் விளிம்பில் ஊதாவோ பச்சையோ கோடு கட்டுவது நிறப்பிறழ்ச்சி எனப்படும். அதைத் தணிப்பதற்கே நிறங்களை அதிகம் பிரிக்காத விசேஷக் கண்ணாடிகளை உபயோகிக்கிறார்கள். குழலின்மீது பொறிக்கப்படும் 'ஈ.டி.', 'எச்.டி.' முதலிய எழுத்துக்கள் இதையே குறிப்பதாகச் சொல்லப்படுகின்றன. அவ்வெழுத்துக்களுக்கு எல்லாக் கம்பெனிகளும் ஒப்புக்கொண்ட பொது வரையறை ஒன்றும் இல்லை. பொருள் வரையறுக்கப்படாத சொல்லை நம்பி ஒப்பந்தத்தில் கையெழுத்திட எந்த வக்கீலும் ஆலோசனை கூறமாட்டார்.

இனி, மக்கள் ஒப்பிடும் விதத்தைப் பார்ப்போம். ஒருவர் கடைக்குள் நின்றுகொண்டு எதிர்ச்சாரியிலுள்ள பெயர்ப்பலகையைப் பார்க்கிறார். மற்றொருவர் இன்று காலையில் ஒன்றையும், சென்ற மாதம் மாலையில் பார்த்த வேறொன்றையும் ஞாபகத்திலிருந்து ஒப்பிடுகிறார். இன்னொருவர் கண்ணருகேயுள்ள லென்ஸைத் தம் கண்ணுக்கேற்றபடி திருப்பிக்கொள்ளாமலே 'மங்கல்' என்று தள்ளிவிடுகிறார். வெயிலில் தரையிலிருந்தெழும் கானல் அலையைக் கண்ணாடியின் குற்றமாகக் கொள்வோரும் உண்டு. எல்லாவற்றிலும் பெரிய குறை, பார்ப்பவர் கம்பெனியின் பெயரை முன்கூட்டியே அறிந்திருப்பது. நாலு லக்ஷம் ரூபாய் கொடுத்து வாங்கியவருடைய கண், அந்த நாலு லக்ஷத்துக்கும் நியாயம் தேடியே பார்க்கும். அவர் பொய் சொல்கிறாரென்று நாம் கூறவில்லை. தமக்குத் தாமே சாட்சியாகிவிட்டாரென்றே கூறுகிறோம்.

நேர்மையான பரீக்ஷைக்கு விதிகள் கடினமானவையல்ல. ஸ்கோப்புகளை அசையாத தாங்கியில் பக்கம் பக்கமாக நிறுத்த வேண்டும். பெயர்களைத் துணியால் மறைக்க வேண்டும். குழலில் எழுதியிருக்கும் எண்ணை மட்டும் நம்பாமல், உருப்பெருக்கத்தை அளந்து சமப்படுத்த வேண்டும். அமெரிக்க விமானப்படையின் பெயரால் 1951 முதல் வழங்கிவரும் பட்டைக்கோட்டு அட்டையைக் குறிப்பிட்ட தூரத்தில் வைத்து, எந்த வரிசை வரையில் கோடுகள் பிரிந்து தெரிகின்றன என்பதைத் தனித்தனியே பலர் எழுதித் தர வேண்டும். ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்கலாகாது. நடுப்பகலில் ஒருமுறையும், சூரியனுக்கு எதிர்முகமாக ஒருமுறையும், அந்தியில் கறுப்பு முற்றும் வரையில் ஒருமுறையும் இது நடைபெற வேண்டும். காட்சியின் மையத்தைப் போலவே விளிம்பையும் நோக்க வேண்டும். இயலுமானால் ஒவ்வொரு ரகத்திலும் ஒன்றுக்கு மேற்பட்டவற்றைப் பரீக்ஷிக்க வேண்டும்; ஒரே அச்சிலிருந்து வந்தவையும் ஒன்றுபோல் இருப்பதில்லை.

இவ்வளவும் செய்த பின்னரும், 'எது சிறந்தது?' என்ற கேள்வி அரைக் கேள்வியே. எதற்கு என்றும் கேட்க வேண்டும். 1898-ல் வியன்னாவில் தோன்றிய காலெஸ், டிரோல் மலைநாட்டின் ஸ்வரோவ்ஸ்கி, 1957-ல் தொடங்கிய ஜெர்மனியின் ஷ்மிட் அண்டு பெண்டர் ஆகிய கம்பெனிகள் அந்தி வேட்டைக்காரரிடையே வளர்ந்தவை. ஜப்பானிலிருந்து வரும் மார்ச் ஸ்கோப்புகள் பெரிய உருப்பெருக்கத்தால் பெயர் பெற்றவை. அமெரிக்காவின் நைட்ஃபோர்ஸ் உறுதிக்குப் பெயர் பெற்றது. வேட்டைக்காரன் தேடுவதும் தூரப்போட்டிக்காரன் தேடுவதும் ஒன்றல்ல. 2008-ல் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் தங்கப்பதக்கம் வென்ற அபிநவ் பிந்த்ரா, லென்ஸ் வைத்த ஸ்கோப் எதுவுமின்றிச் சிறு துளை வழியாகவே குறிபார்த்தார். அவருடைய பந்தயத்தின் விதி அது. 10 மீட்டர் தூரத்துக்கு அதுவே போதுமாயிருந்தது.

கண்ணாடி சிறந்திருந்தாலும் அதனைத் தாங்கும் பொறி பழுதானால் பயனில்லை. 1,000 மீட்டரில் குறியை 10 மில்லிரேடியன் திருப்புவதென்றால் 10 மீட்டர் உயர்த்துவதாகும். திருகில் 2 சதவீதம் பிழை இருந்தால் குண்டு 20 சென்டிமீட்டர் விலகிப் போகும். முதல் உலக யுத்தத்தில் இதற்குத் தக்க உதாரணம் உண்டு. 1915-ல் பிரான்ஸ் போர்முனைக்குச் சென்ற ஹெஸ்கெத் பிரிச்சர்டு என்ற ஆங்கில வேட்டைக்காரர், படைகளிலிருந்த ஸ்கோப் துப்பாக்கிகளைச் சோதித்தபோது அவற்றில் பல குறி தவறி நின்றதைக் கண்டார். 1920-ல் வெளியான தமது நூலில் இதை அவரே விவரித்திருக்கிறார். நல்ல கண்ணாடி வாங்கியாயிற்று என்ற திருப்தியில் எவரும் சோதித்துப் பார்க்கவில்லை. சிப்பாய்கள் அக்குறியை நம்பிச் சுட்டுக்கொண்டிருந்தார்கள்.

பெயரை நம்பிப் பரீக்ஷையை மறந்ததோடு அத்தேசத்தின் கஷ்டம் நிற்கவில்லை. கண்ணாடியே கிடைக்காத நிலையும் அதற்கு ஏற்பட்டது. 1884-ல் ஜெர்மனியிலுள்ள ஜேனா நகரில் ஒட்டோ ஷாட், எர்ன்ஸ்ட் அபே, ஸைஸ் ஆகியோர் ஒரு கண்ணாடி ஆலையை ஸ்தாபித்தனர். குமிழும் கீற்றும் இன்றி, ஒளியை வளைக்கும் அளவு முன்கூட்டியே கணக்கிடப்பட்ட கண்ணாடியை அங்கே உருக்கினர். பிற நாடுகள் விலை கொடுத்து வாங்கிக்கொண்டு சும்மா இருந்தன. 1914-ல் யுத்தம் மூண்டதும், பிரிட்டன் தனக்கு வேண்டிய ஒளியியல் கண்ணாடியில் மிகச் சிறு பங்கையே சொந்தமாகச் செய்யக்கூடியதாயிருந்தது வெளியாயிற்று. சேனைக்கு இருகண் தூரதிருஷ்டிகள் போதவில்லை. முதிய சேனாதிபதி லார்டு ராபர்ட்ஸ், பொதுஜனங்கள் தங்கள் கண்ணாடிகளை இரவல் தர வேண்டுமென்று பகிரங்கமாக வேண்டிக்கொள்ள நேர்ந்தது. சூரியன் அஸ்தமிக்காத சாம்ராஜ்யம் பார்ப்பதற்குக் கண்ணாடியின்றி வீடு வீடாகக் கேட்டது! 1917-ல் யுத்தத்தில் புகுந்த அமெரிக்காவும் இதே இக்கட்டில் அகப்பட்டு, விஞ்ஞானிகளைக் கண்ணாடி உலைகளுக்கு அனுப்பியே மீண்டது.

இப்பாடத்தை நம் நாடு கற்றுக்கொள்ளாமலில்லை. 1950-ல் கல்கத்தாவில் மத்திய கண்ணாடி, பீங்கான் ஆராய்ச்சி நிலையம் தோன்றியது. ஆத்மா ராம் அதன் தலைவராயிருந்த காலத்தில் ஒளியியல் கண்ணாடி உருக்கும் வேலை இங்கே வேரூன்றியது. டேராடூனில் ராணுவக் கருவிகளுக்கான ஆராய்ச்சி நிலையமும் தொழிற்சாலைகளும் இருக்கின்றன. 2021-ல் படைக்கலத் தொழிற்சாலைகள் பிரித்தமைக்கப்பட்டபோது, இத்துறைக்கென்று 'இந்தியா ஆப்டெல்' என்ற சர்க்கார் கம்பெனி ஏற்பட்டது. இவை நமக்குப் பெருமை தருபவை.

ஆனால் பெருமையும் சாட்சியமாகாது. அந்நியப் பெயரைக் கண்டதும் தலைவணங்குவது எவ்வளவு தவறோ, சுதேசிப் பொருள் என்ற காரணத்தாலேயே குறையை மறைத்து ஏற்பதும் அவ்வளவு தவறு. பின்னதன் விலையைச் செலுத்துபவன் அலுவலகத்திலிருந்து உத்தரவு போடுகிறவன் அல்லன். பனியில் படுத்துக்கிடக்கும் சிப்பாயே. அவன் கையில் கொடுக்கப்படும் கண்ணாடி ஆல்ப்ஸ் மலையில் செய்ததாயினும் டேராடூனில் செய்ததாயினும், பெயர் மறைத்த அதே தாங்கியில், அதே அட்டையின் முன், அதே அந்தியில் நின்று தேறியதாக இருக்க வேண்டும். தேறாதது எந்த ஊர்ச் சரக்காயினும் திரும்பிப் போக வேண்டும். ஏன் திரும்பியதென்ற காரணம் எழுத்தில் இருக்க வேண்டும். அந்த எழுத்தைக் கொண்டுதான் அடுத்த கண்ணாடியைத் திருத்திச் செய்ய முடியும்.

கண்ணாடி செய்யும் உலையைப் போலவே, கண்ணாடியைச் சோதிக்கும் மேஜையும் ஒரு தேசத்தின் ஆஸ்தி என்பது நமது உறுதியான கருத்து. உலை கட்டப் பல வருஷமும் பெரும் பணமும் வேண்டும். மேஜைக்கு ஓர் அட்டையும், ஒரு துணியும், உண்மையை எழுதத் துணிந்த நாலு பேரும் போதும்.