கரன்ட் கெட்டால் யாரிடம் கேட்பது?

போன சித்திரையில் ஒரு மதியம், கழுத்தில் அடையாள அட்டை தொங்க ஓர் இளைஞர் எங்கள் தெருவுக்கு வந்தார். எதிர்வீட்டு அம்மாவின் மொட்டைமாடியில் ஏறி, தண்ணீர்த் தொட்டிக்கும் கைப்பிடிச் சுவருக்கும் நடுவே டேப் பிடித்து அளந்தார். "கவர்மென்ட் திட்டம்மா. மூணு கிலோவாட் போட்டுடலாம். இனிமே உங்களுக்கு பில்லும் கிடையாது, கரன்ட் கட்டும் கிடையாது. இன்னைக்கே இருபதாயிரம் அட்வான்ஸ் குடுத்துட்டா மானியத்தை நாங்களே கழிச்சுக்குவோம்" என்றார். பணம் எடுக்க உள்ளே போன அந்த அம்மா, வாசலில் நின்ற என்னைப் பார்த்து, "குடுக்கலாமாப்பா?" என்று கேட்டார்.

வேண்டாம் என்றேன். திட்டம் உண்மை, அவர் தந்த வாக்குறுதிகள் மூன்றும் பொய். ஏன் என்று கீழே சொல்கிறேன். அதற்கு முன் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது. அணுமின்சாரமா, சூரிய மின்சாரமா என்று டீக்கடையிலிருந்து தொலைக்காட்சி வரை வாதம் நடக்கிறது. விலையை ஒப்பிடுகிறோம், புகையை ஒப்பிடுகிறோம். ஏதாவது கெட்டுப்போனால் யாரிடம் கேட்பது, எத்தனை நாளில் பதில் வரும் என்பதை மட்டும் ஒப்பிடுவதில்லை. மின்சாரம் வாங்குகிறவர் முதலில் கேட்க வேண்டியது அதைத்தான்.

அணுஉலை நமக்கு எவ்வளவு பக்கம்?

நினைப்பதைவிடப் பக்கம். கல்பாக்கத்தின் 500 மெகாவாட் ஈனுலையிலிருந்து மின்சாரத்தை வெளியே கொண்டுவர அமைத்த 230 கிலோவோல்ட் பாதைகளில் ஒன்று நம் திருவண்ணாமலை மாவட்டத்து ஆரணிக்கு வருகிறது. கல்பாக்கத்தில் 1984-லும் 1986-லும் வணிக உற்பத்தியைத் தொடங்கிய 220 மெகாவாட் உலைகள் இரண்டு உள்ளன. அணுஉலையைச் சுற்றி அவசரகாலத் திட்டம் போடப்படும் எல்லை 16 கிலோமீட்டர். திருவண்ணாமலை நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. பயப்படத் தேவையில்லை. ஆனால் அந்த மின்சாரத்தில் பங்கு வாங்கும் ஊர், அந்த எல்லைக்குள் வாழ்கிறவர்களைப் பற்றிக் கவலைப்படாமல் இருக்க முடியாது.

அணுமின்சாரத்தின் பலத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். பௌர்ணமி கிரிவலத்துக்கு 14 கிலோமீட்டர் பாதை முழுக்க விளக்கு எரிய வேண்டியது இரவில். சூரியத் தகடு இரவில் ஒரு யூனிட்கூடத் தராது. கூடங்குளத்தின் 1,000 மெகாவாட் உலை ஒன்று முழுத் திறனில் ஓடினால் ஒரு நாளில் 2.4 கோடி யூனிட் தரும். நம் ஊர் வெயிலில் ஒரு கிலோவாட் தகடு நாளுக்குச் சுமார் 4 யூனிட் தரும். அப்படியானால் அந்த ஓர் உலைக்கு ஈடாக 20 லட்சம் வீடுகளில் தலா 3 கிலோவாட் வேண்டும். காற்றும் நீரும் மின்கலச் சேமிப்பும் சேர்ந்தால்தான் வெயில் இரவைத் தாண்டும். 2024 மே 2 அன்று தமிழ்நாட்டின் மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. இவ்வளவு தேவைக்கு ஒரே வழி போதும் என்று சொல்பவரை நம்பாதீர்கள்.

கூடங்குளம் காட்டிய நிலைமை

2004 சுனாமியில் கல்பாக்கத்தின் பம்ப் ஹவுஸில் கடல்நீர் புகுந்தது; ஓடிக்கொண்டிருந்த உலை பத்திரமாக நிறுத்தப்பட்டது. 2011 மார்ச்சில் ஜப்பானின் ஃபுகுஷிமாவில் அப்படி நடக்கவில்லை. ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் வீட்டை விட்டு வெளியேறினார்கள். விபத்து அபூர்வம், நடந்துவிட்டால் இழப்பு ஒரு தலைமுறைக்கு நீளும்.

அந்தச் செய்தியைப் பார்த்த, கூடங்குளத்துக்குப் பக்கத்து இடிந்தகரை மக்கள் எங்களுக்கு என்ன பாதுகாப்பு என்று கேட்டார்கள். பதிலுக்கு ஆயிரக்கணக்கானோர்மீது வழக்குகள் வந்தன, தேசத்துரோகப் பிரிவு உட்பட. கூடங்குளத்தின் பாதுகாப்பு அறிக்கைகளை வெளியிடச் சொல்லி 2012-ல் மத்திய தகவல் ஆணையம் உத்தரவிட வேண்டியிருந்தது. 2013 மே 6 அன்று உச்ச நீதிமன்றம் உலையை அனுமதித்தது. கூடவே 15 நிபந்தனைகள் விதித்தது, போராடியவர்கள்மீதான வழக்குகளைத் திரும்பப் பெற முயலும்படியும் சொன்னது. கேள்வி கேட்ட மீனவக் குடும்பங்கள் பதில் பெற டெல்லி வரை போக வேண்டியிருந்தது.

இழப்பீட்டுக்கும் வரம்பு உண்டு. அணு விபத்துக்கு உலையை நடத்தும் நிறுவனத்தின் பொறுப்பு 1,500 கோடி ரூபாய் என்று 2010 சட்டம் வைத்தது. 2025 டிசம்பரில் வந்த 'சாந்தி' சட்டம் உலையின் அளவுக்கேற்ப வரம்புகளை வகுத்தது. மிகப் பெரியதற்கு 3,000 கோடி. கருவி பழுதானால் அதை விற்றவரிடமிருந்து ஈடு கேட்க 2010 சட்டம் தந்திருந்த தனி உரிமை புதிய சட்டத்தில் இல்லை. ஜப்பானில் உலையை நடத்தும் நிறுவனத்தின் பொறுப்புக்கு உச்சவரம்பே கிடையாது. உலைகளைக் கட்டும் நாடு, பாதிக்கப்படுகிறவரின் கையில் இன்னும் பலமான சட்டத்தைத் தந்திருக்க வேண்டும். இதைச் சொல்வது வளர்ச்சிக்கு எதிரான பேச்சு ஆகாது.

மாடியில் விழும் வெயில்: உங்கள் உரிமைகள்

இனி எதிர்வீட்டு மாடிக்கு வருவோம். 2024 பிப்ரவரியில் தொடங்கிய 'பி.எம். சூர்யா கர்' திட்டத்தில் வீடுகளுக்கு மத்திய அரசின் மானியம் இப்படி:

- 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய்
- 2 கிலோவாட்டுக்கு 60,000 ரூபாய்
- 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் 78,000 ரூபாய்

ஒரு கிலோவாட்டுக்கு நிழல் விழாத 100 சதுர அடி அளவு இடம் போதும். விண்ணப்பம் அரசின் தேசிய இணையதளத்தில். மின் இணைப்பு உங்கள் பெயரில் இருக்க வேண்டும். பட்டா மாறியும் இ.பி. கார்டில் இன்னும் தாத்தா பெயர் இருந்தால் முதலில் பெயர் மாற்றுங்கள். மின் நுகர்வோர் உரிமை விதிகளில் 2024-ல் செய்த திருத்தத்தின்படி, 10 கிலோவாட் வரையிலான விண்ணப்பத்துக்குத் தனியாகத் தொழில்நுட்பச் சாத்திய ஆய்வு தேவையில்லை. வேலை முடிந்ததாகத் தெரிவித்த 15 நாளில் மின் கழகம் இணைப்புத் தந்து இயக்கிவைக்க வேண்டும். நாள் கடந்தால் கேட்பது உங்கள் உரிமை.

அந்த மூன்று பொய்கள்

முதலாவது, "கரன்ட் கட் கிடையாது." மின்கலம் இல்லாத சாதாரண சோலார், தெருவில் கரன்ட் போனதும் தானாக நின்றுவிடும். அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். இல்லாவிட்டால் உங்கள் மாடியின் மின்சாரம் கம்பியில் ஏறி, கம்பத்தில் வேலை செய்யும் லைன்மேனைத் தாக்கும். இதைச் சொல்லாமல் விற்கிறவர் பாதி உண்மையை விற்கிறார்.

இரண்டாவது, "பில்லே வராது." பகலில் நீங்கள் தரும் யூனிட்டும் இரவில் எடுக்கும் யூனிட்டும் இருவழி மீட்டரில் கழிந்து மிச்சத்துக்குத்தான் பில். இரண்டு ஏ.சி. ஓடும் வீட்டுக்கு 2 கிலோவாட் போட்டால் பில் வரத்தான் செய்யும்.

மூன்றாவது, "மானியத்தை நாங்கள் கழிச்சுக்குவோம்." மானியம் வேலை முடிந்து, ஆய்வு முடிந்த பிறகு உங்கள் வங்கிக் கணக்குக்கு நேராக வரும்.

திட்டத்தில் பதிவு பெற்ற நிறுவனமா என்று அதே இணையதளத்தில் பாருங்கள். மூன்று இடங்களில் விலைப்பட்டியல் வாங்குங்கள். தகடு இந்தியாவில் தயாரானதாக இருந்தால்தான் மானியம் கிடைக்கும். ஐந்து ஆண்டு பராமரிப்பை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். நம் ஊரில் இன்னொன்றும் கேளுங்கள்: மலையிலிருந்து இறங்கும் குரங்கு ஒயரைப் பிடித்து இழுத்தால் தாங்குமா? ஒயரைக் குழாய்க்குள் விட்டுத் தரச் சொல்வதற்குச் செலவு அதிகமில்லை.

முறையிடும் படிகள்

மீட்டர் தாமதம், பில் குழப்பம் என்றால் முதல் படி உங்கள் பகுதியின் பிரிவு அலுவலகம். எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். தொலைபேசிப் புகாருக்கு மின்னகம் 94987 94987. அதற்கும் பதில் இல்லையென்றால் மின் பகிர்மான வட்டத்தின் நுகர்வோர் குறைதீர் மன்றம். அங்கும் தீராவிட்டால் சென்னையிலுள்ள மின் குறைதீர்ப்பாளர். இந்த இரண்டையும் மின்சாரச் சட்டம் 2003-ன் 42-வது பிரிவு கட்டாயமாக்கியிருக்கிறது.

தகடு போட்ட நிறுவனம் ஏமாற்றினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழையுங்கள். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். நிறுவனம் சென்னையில் இருந்தாலும் 2019 சட்டப்படி நீங்கள் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான கொள்முதலுக்குக் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். போலி இணையதள இணைப்பில் பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள்.

வயலில் உயர்மின் கோபுரம் வந்தால், அது எந்த மின்சாரத்தைச் சுமந்தாலும், விவசாயிக்கு இழப்பீடு உண்டு. கோபுரம் நிற்கும் இடத்துக்கு நில மதிப்பில் 200 சதவீதம், கம்பி போகும் பாதைக்கு 30 சதவீதம் என்று மத்திய மின் அமைச்சகத்தின் 2024 வழிகாட்டுதல் சொல்கிறது. மதிப்பு என்ன என்று எழுத்தில் வாங்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். தொகை குறைவென்றால் மாவட்ட நீதிமன்றம் போகலாம்.

இந்தப் படிகளை ஒருமுறை பாருங்கள். ஒன்று இரண்டைத் தவிர எல்லாம் பஸ் ஏறிப் போகும் தூரத்தில் இருக்கின்றன. மாடிச் சூரியனில் தவறு நடந்தால் இழப்பு ஒரு வீட்டோடு நிற்கும். முறையிட்டால் மாதங்களில் தீர வாய்ப்புண்டு. அணுஉலையில் தவறு நடந்தால் இழப்பு பல ஊர்களுக்கு, முறையீடு ஆண்டுகளுக்கு. அதனால்தான் நம் மாடிகள் நிறையும் வரை புதிய உலைக்கு அவசரம் வேண்டாம் என்கிறேன். ஓடும் உலைகளின் பாதுகாப்பு அறிக்கைகளும் அவசரகாலப் பயிற்சியும் அந்த மக்கள் மொழியில், அவர்கள் கையில் இருக்க வேண்டும் என்றும் கேட்கிறேன்.

எதிர்வீட்டு அம்மா அன்று முன்பணம் கொடுக்கவில்லை. இணைப்பைத் தன் பெயருக்கு மாற்றி, இணையதளத்தில் விண்ணப்பித்து, ஆவணியில் 2 கிலோவாட் போட்டார். மீட்டர் வரத் தாமதமானபோது அவரே போய் மனு கொடுத்தார். முத்திரை குத்திய அந்த ஒப்புகைச் சீட்டை, சாமி படத்துக்குப் பின்னால் இ.பி. கார்டோடு சேர்த்துப் பத்திரமாக வைத்திருக்கிறார்.