வாத்தியங்களின் மறுவாழ்வு – 9
பழுதான டிரம்ஸுக்குப் புது உத்தியோகம்

ஆடி மாதம் பிறந்து, கள்ளக்குறிச்சி, சின்னசேலம், சங்கராபுரம் வட்டாரத்து அம்மன் கோயில்களில் கூழ் வார்த்தலும் தீமிதியும் தொடங்கிவிட்டால், மெல்லிசைக் குழுக்களுக்கு ஓய்வு ஒழிவு கிடையாது. அக்குழுக்களின் வண்டியில் ஒரு காலத்தில் பாதி இடத்தை அடைத்துக்கொண்டு வந்த டிரம்ஸ் செட்டை இப்போது அதிகம் காண முடிவதில்லை. ஜப்பானிய ரோலண்டு நிறுவனம் 1985-இல் வெளியிட்டதும், எட்டு ரப்பர்ச் சதுரங்களைக் கொண்டு ஒரு கைப்பெட்டிக்குள் அடங்கிவிடுவதுமான ஆக்டபேடின் வம்சாவளியே அந்த ஸ்தானத்தில் அமர்ந்துகொண்டது.

ஸ்தானம் இழந்த டிரம்ஸோ, தோல் கிழிந்தும் விளிம்பு கோணியும் ஒட்டுப்பலகை பிரிந்தும், ஏதேனும் ஒரு பேண்டு செட் கடையின் பரண்மீதோ, தேவாலயத்தின் பின்னறையிலோ தூசி படிந்து கிடக்கிறது. அதையே மின்சார டிரம்ஸாக மாற்றிக்கொள்ளும் உபாயத்தைத்தான் இவ்வாரம் எடுத்துக்கொண்டிருக்கிறேன். நல்ல நிலையில் உள்ள டிரம்ஸை இதற்காகக் குடைவது பாவம் என்பது என் அபிப்பிராயம். குரல் போன டிரம்ஸுக்கே இது உகந்த சிகிச்சை. ஏனெனில், இயற்கை டிரம்ஸின் நாதத்தை நிர்ணயிக்கும் மரத்தின் இனம், கனம், விளிம்பின் சீர்மை ஆகிய யாவும் இங்கே காரியத்துக்கு வேண்டாதவை. 2021-இல் புவிசார் குறியீடு பெற்ற மரச்சிற்பத்தால் பெயர் விளங்கும் கள்ளக்குறிச்சியில் நின்றுகொண்டு, மரம் எதுவானாலும் சரி என்று சொல்வதற்குச் சற்றே துணிச்சல் வேண்டும்; ஆயினும் உண்மை அதுதான். அந்த மரக்கூடு இனிமேல் ஒலிப்பதற்கன்று, தாங்குவதற்கு மட்டுமே.

ஒலிக்கு ஆதாரமாவது, கால் ரூபாய் நாணயத்தைவிடச் சற்றே பெரிய ஒரு பித்தளை வில்லை. அதன்மேல் பூசிய பீங்கான் படலம் அழுத்தம் பட்டவுடன் மின்னழுத்தத்தைப் பிறப்பிக்கும். சில படிகங்களுக்கு உள்ள இந்த விசித்திர குணத்தை 1880-இல் ஜாக் கியூரி, பியேர் கியூரி என்ற பிரெஞ்சுச் சகோதரர்கள் கண்டறிந்தார்கள். பீசோ என்ற பெயரில் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் சொற்ப விலைக்குக் கிடைக்கும் அந்த வில்லையை, டிரம்மின் வாய்க்குக் குறுக்கே, லக் திருகுகளையே பிடிமானமாகக் கொண்டு பொருத்திய அலுமினியப் பட்டையின் நடுவில், ஸ்பாஞ்சு மெத்தையிட்டு ஒட்டி, அதன்மேல் கூம்பு வடிவ ஸ்பாஞ்சு ஒன்றை நிறுத்துகிறார்கள். சூட்சுமம் அனைத்தும் கூம்பின் உயரத்தில்தான் இருக்கிறது. அதன் நுனி விளிம்பு மட்டத்துக்கு இரண்டொரு மில்லிமீட்டர் மேலே நிற்க வேண்டும். தாழ்ந்தால் அடி அதற்கு எட்டாது, மிக உயர்ந்தால் நடுவில் விழும் அடி மட்டும் அளவுக்கு மீறி முழங்கும். வில்லையின் கம்பிகளை வெளியே கொண்டுவரப் புதிதாகத் துளையிட வேண்டுவதில்லை; டிரம்மின் பக்கத்தில் முன்பே உள்ள காற்றுத் துவாரத்தில் கால் அங்குல ஜாக்கைப் பொருத்திவிடலாம்.

மேலே பழைய பிளாஸ்டிக் தோலுக்குப் பதிலாக வலைத்தோலை இழுத்துக் கட்ட வேண்டும். இந்த வலைத்தோலின் அருமை, 1981-இல் இங்கிலாந்தின் சிம்மன்ஸ் நிறுவனம் கொண்டுவந்த அறுகோணப் பேடுகளை வாசித்து மணிக்கட்டு நொந்தவர்களுக்கே நன்றாகத் தெரியும். அவற்றின் பரப்பு அத்தனை கெட்டி. 1997-இல் ரோலண்டு நிறுவனம் டிரம் தோல் தயாரிக்கும் ரீமோ நிறுவனத்தின் துணையுடன் வலைத்தோலைக் கொண்டுவந்த பிறகுதான், குச்சி துள்ளி எழும் பழைய சுகம் கைக்குத் திரும்பியது. சதுரப் பேடில் பழகாத கை, தன் அளவுக்கும் இடைவெளிக்கும் ஏற்ற பழைய டிரம்ஸையே நாடுவதற்கும் இதுவே காரணம்.

ஆனால், இந்த வில்லைக்குத் தெரிந்த விஷயங்கள் இரண்டே இரண்டு: அடி எப்போது விழுந்தது, எவ்வளவு பலமாக விழுந்தது. எதனால் அடித்தார்கள், அடித்தபின் கையை எடுத்தார்களா, அழுத்தினார்களா என்பதெல்லாம் அதன் அறிவுக்கு அப்பாற்பட்டவை. குச்சியால் தட்டிவிட்டு விலகும் மேனாட்டு டிரம்ஸுக்கு அந்த இரண்டும் ஏறக்குறையப் போதும். நம் வட்டாரத்துப் பம்பைக்கோ தவிலுக்கோ போதவே போதாது. தவிலின் வலந்தலையில் கூடணிந்த விரல்கள் விளைவிக்கும் நாதபேதங்களை இரண்டு எண்களாகச் சுருக்கினால் என்ன மிஞ்சும்? ஆகையால் பம்பைக்குள் பீசோவை நுழைக்க நினைப்பவரை நான் தடுத்தே தீருவேன்.

கல்வராயன் மலைமேல், வெள்ளிமலைப் பக்கத்துத் திருவிழாக்களில், லாபநஷ்டக் கணக்கு இன்னும் விநோதமானது. பனி இறங்கும் இரவில் தோல் வாத்தியங்கள் தொய்ந்துபோக, வைக்கோலைக் கொளுத்திக் காய்ச்சினாலன்றி அவற்றுக்குக் குரல் எழும்பாது. வலைத்தோலுக்கு அத்தகைய தொல்லை இல்லை. ஆனால் ஜெனரேட்டர் நின்றுவிட்டால், பாடகரின் மைக்கோடு மின் டிரம்ஸும் ஊமையாகிவிடும். பழைய டிரம்ஸாயிருந்தால், விளக்கு வரும்வரை கூட்டத்தைக் கலையவிடாமல் காக்கும். மேடையின் பெரிய ஸ்பீக்கர்கள் அதிரும்போது, அந்த அதிர்விலேயே கூம்பு துடித்து, யாரும் அடிக்காத அடி கேட்பதும் உண்டு. வில்லையின் துடிப்பை ஒலியாக்கித் தரும் பெட்டியான மாட்யூலில் ‘திரெஷோல்டு’ என்ற அளவை உயர்த்தினால் அந்தப் பேயடி நிற்கும். ஆனால் ஸ்நேரில் தேர்ந்தவர்கள் பெரிய அடிகளுக்கு நடுவே தூவும் மெல்லிய அடிகளும் கூடவே மறைந்துபோகும். அந்த எல்லையை எங்கே வகுப்பது என்பதை மேடையில் ஏறி, ஸ்பீக்கர் ஓடும்போதே வாசித்துப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். வீட்டில் வைத்த கணக்கு அங்கே செல்லாது.

டாம்களும் ஸ்நேரும் பேஸ் டிரம்மும் இவ்விதம் வசப்பட்டுவிடும். ஹை-ஹாட் மட்டும் லேசில் படிவதில்லை. காலால் மிதித்த அளவுக்கேற்ப, இரு தட்டுகளுக்கு இடையேயுள்ள திறப்பையும் மாட்யூலுக்கு அறிவித்தாக வேண்டியிருப்பதால், வெறும் பீசோ அதற்குப் போதாது. அடியை உணர ஒன்று, மிதியை உணர ஒன்று என இரண்டு தனித்தனி உணரிகள் தேவைப்படும் அந்த ஏற்பாட்டை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)