நட்டால் மட்டும் போதுமா?

பெயரிலே குறிஞ்சி, நிலமோ நெய்தல். புத்தளம் மாவட்டத்தின் கற்பிட்டித் தீபகற்பத்தில் அமைந்தது குறிஞ்சிப்பிட்டி. தீபகற்பத்தின் ஒருபுறம் இந்துமாகடல். மறுபுறம் புத்தளம் களப்பு. களப்போரச் சேற்றில் வேர்களை ஊன்றி நிற்கும் கண்டல் மரங்களைக் காண்போருட் சிலர், "விறகுக்கன்றி வேறெதற்கு இவை உதவும்?" என எண்ணுதல் கூடும். அஃது பெரும் பிழையாகும்.

பின்னிக் கிடக்கும் கண்டல் வேர்களின் இடையேதான் இறாலும் நண்டும் மீன்குஞ்சும் அடைக்கலம் பெற்று வளர்கின்றன. அலையின் வேகத்தைத் தணித்து, கரைமண் கரைந்தோடாமற் காப்பனவும் அவ்வேர்களே. கண்டல் அழியுமாயின், களப்பை நம்பி வலைவீசும் குடும்பத்தின் அடுப்பும் அணையும்.

1980ஆம் ஆண்டுகள் தொடக்கம் இறாற் பண்ணைகளுக்காக இம்மாவட்டத்திற் கண்டற்காடுகள் பல வெட்டப்பட்டன. பின்னர் நோய் பரவி இறால்கள் மடியவே, பண்ணைக் குளங்கள் பல கைவிடப்பட்டன. வெறுந்தரையே எஞ்சியது.

2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலை மக்களின் கண்களைத் திறந்தது. தீவின் கரையோரங்களில் தொண்டர்கள் ஆர்வத்தோடு கண்டற் கன்றுகளை நட்டனர். விளைவு யாது? 2017இல் வெளிவந்த ஓர் ஆய்வு 23 இடங்களைப் பார்வையிட்டது. நடுகை நிகழ்ந்த 1,000 முதல் 1,200 ஹெக்டேயரில், 200 முதல் 220 ஹெக்டேயரே தேறியிருந்தது. ஒன்பது இடங்களில் ஒரு கன்றேனும் உயிரோடில்லை!

தொண்டர்களின் அன்பிற் குறைவில்லை. அறிந்து செய்யாமையே குறை. கண்டலின் வேருக்கும் காற்று வேண்டும். நீர் வற்றாத ஆழத்தில் நடப்பட்ட கன்று மூச்சின்றி மடியும். பொருத்தமான இடத்தில் நட்டாலும், மாடு மிதித்துவிடும். பாசி படர்ந்து மூடிவிடும். நட்டபின் பராமரித்த இடங்களிலேயே கன்றுகள் பெரிதும் பிழைத்தன.

இப்பாடத்தைக் கற்றோரும் நம் மாவட்டத்தில் உளர். சிலாபத்தை அடுத்த பம்பலயைத் தலைமையிடமாகக் கொண்ட சிறு மீனவர் சம்மேளனம், 2015இல் அரசாங்கத்தோடும் அமெரிக்கத் தொண்டு நிறுவனமொன்றோடும் இணைந்து ஒரு திட்டத்தைத் தொடங்கியது. கரையோரப் பெண்களுக்குத் தொழிற்பயிற்சியும் சிறுகடனும் கிடைத்தன. அதற்கீடாக, அவர்கள் தம் ஊர்க் கண்டலைக் காக்க வேண்டியிருந்தது. மரத்தைக் காப்பதும் மனையைக் காப்பதும் இங்கு ஒன்றாயின. ஆனைவிழுந்தான் சரணாலயத்திலோ வேறொரு வழி. கைவிடப்பட்ட இறாற் குளங்களில் வற்றும் பெருக்கும் மீண்டும் நிகழ வழிசெய்து, இயற்கையே விதை கொணர விடுகின்றனர். கண்டலின் விதை தாய்மரத்திலேயே முளைவிட்டு, நீரில் மிதந்து சென்று, ஏற்ற இடத்தில் ஊன்றிக்கொள்ளும் ஆற்றலுடையதன்றோ?

இலங்கையின் கண்டல் மீளமைப்பு முயற்சியை, 2024இல் ஐக்கிய நாடுகள் சபை உலகின் முன்னோடித் திட்டங்களுள் ஒன்றாக அறிவித்தது. அப்பெருமை நிலைப்பது நம் கையிலேயே உள்ளது.

மாணவச் செல்வங்களே! ஆண்டுதோறும் யூலை 26ஆந் திகதி உலகக் கண்டல் தினமாகும். அன்று ஒரு கன்றை நட்டுப் படம்பிடித்துக்கொண்டு திரும்புதல் எளிது. அடுத்த மாதமும் அதற்கடுத்த மாதமும் அங்கே சென்று, மாடு மேயாமற் காத்து, படிந்த பாசியை அகற்றி, வேரிற் சிக்கிய பிளாத்திக்குக் கழிவைக் களைந்து வருவதே அரிது. நடுதல் ஒருநாள் விழா, பேணுதலே தொண்டு.