சுவருக்குள் போக வேண்டிய சாம்பல்

சிதம்பரத்தில் ஒருவர் வீடு கட்டினால், மனையில் வந்து இறங்கும் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் ஊர் இருக்கும். சிமென்ட் பெரும்பாலும் அரியலூர்ப் பக்கத்துச் சரக்கு. மணல் ஒரு காலத்தில் கொள்ளிடத்திலிருந்து வந்தது. இன்று பல இடங்களில் கருங்கல்லை அரைத்த எம்-சாண்ட். செங்கல் சுற்றுவட்டாரச் சூளைகளில் வெந்தது. இவற்றோடு, யாரும் கேட்காமலே வந்து சேர்கிற இன்னொரு பொருளும் உண்டு. அது சாம்பல். பி.பி.சி. (போர்ட்லேண்ட் பொசோலானா சிமென்ட்) என்று அச்சிட்ட 50 கிலோ சிமென்ட் மூட்டையில் 15 முதல் 35 சதவீதம் வரை அனல்மின் நிலையச் சாம்பல் கலக்க இந்தியத் தர நிர்ணயம் அனுமதிக்கிறது. அதாவது, மூட்டைக்கு ஏழரைக் கிலோவிலிருந்து பதினேழரைக் கிலோ வரை.

இதைக் கேட்டதும் பலருக்கும் கலப்படம் என்றுதான் தோன்றும். உண்மையில் அந்த மூட்டையில் உலகத்துக்கு மிகக் குறைந்த கெடுதல் செய்த பகுதி அந்தச் சாம்பல்தான். ஏன் என்று புரிய, முதலில் சிமென்ட் எப்படிப் பிறக்கிறது என்று பார்க்க வேண்டும்.

அரியலூர் வட்டாரம் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடலாக இருந்தது. அங்கே வாழ்ந்த உயிர்களின் ஓடுகள் படிந்து இறுகித்தான் இன்றைய சுண்ணாம்புக்கல் உருவானது. அங்குள்ள சுரங்கங்களில் இன்றும் கடல் உயிர்களின் புதைபடிவங்கள் கிடைக்கின்றன. அந்த உயிர்கள் கடல்நீரில் கரைந்திருந்த கரியமில வாயுவை எடுத்து ஓடாக மாற்றிக்கொண்டன. சிமென்ட் ஆலை செய்வது இதற்கு நேர்மாறான வேலை. களிமண்ணோடு சேர்த்துச் சுண்ணாம்புக்கல்லை ஏறத்தாழ 1450 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றும்போது, கல்லுக்குள் அடைபட்டிருந்த வாயு மீண்டும் வெளியேறுகிறது. தூய சுண்ணாம்புக்கல் 100 கிலோ எடுத்துக்கொண்டால், 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். 44 கிலோ கரியமில வாயுவாகக் காற்றில் போய்விடும்.

இந்த 44 கிலோ, எரித்த நிலக்கரியின் புகை அல்ல. கல்லே விடும் மூச்சு. உலையைச் சூரிய ஆற்றலால் சூடாக்கினாலும் இது வந்தே தீரும். எரிபொருள் புகை தனிக் கணக்கு. இரண்டையும் சேர்த்தால், மனிதர்கள் வெளியிடும் கரியமில வாயுவில் ஏறத்தாழ 7 முதல் 8 சதவீதம் சிமென்ட் தொழிலுக்கு உரியது. இதைக் குறைக்க நேரான வழி, சிமென்ட்டின் ஒரு பங்கை வேறொன்றால் ஈடுகட்டுவது. அந்த வேறொன்று கடலூர் மாவட்டத்துக்குள்ளேயே இருக்கிறது.

கடலூர் மணற்கல் என்று புவியியலாளர்கள் பெயரிட்ட பாறை அடுக்குகளுக்குள், பழைய காடுகள் மட்கிப் பழுப்பு நிலக்கரியாகப் படிந்து கிடக்கின்றன. நெய்வேலியில் அதைத் தோண்ட 1956இல் நிறுவனம் தொடங்கப்பட்டது. 1962இலிருந்து அங்கே மின்சாரம் உற்பத்தியாகிறது. நிலக்கரியைத் தூளாக்கி உலையில் ஊதும்போது, அதிலுள்ள மண்சத்து தீயில் உருகித் துளிகளாகிறது. புகையோடு மேலே போகும்போதே அந்தத் துளிகள் குளிர்ந்து இறுகுகின்றன. புகைபோக்கியை எட்டுவதற்குள் மின்புலத்தால் அவற்றைப் பிடித்துவிடுகிறார்கள். அந்தச் சாம்பலை நுண்ணோக்கியில் பார்த்தால் பாசிமணியைக் கொட்டி வைத்ததுபோல் உருண்டை உருண்டையாகக் கண்ணாடித் துகள்கள். பெரும்பாலானவை தலைமுடியின் பருமனைவிடச் சிறியவை.

சிமென்ட்டில் தண்ணீர் ஊற்றினால் இரண்டு பொருள்கள் உண்டாகின்றன. ஒன்று, ஜல்லியையும் மணலையும் பிடித்து வைக்கும் பசை. மற்றொன்று, வலுவுக்கு அதிகம் உதவாத நீற்றுச் சுண்ணாம்பு. நீர் கசிந்தால் கரைந்து வெளியேறும், பின்னால் துளைகளை விட்டுச் செல்லும். சாம்பலின் கண்ணாடித் துகளில் சிலிக்கா இருக்கிறது. அது அந்தச் சுண்ணாம்போடு வினைபுரிந்து மேலும் கொஞ்சம் பசையாகிறது. சிமென்ட் வீணாக விட்டதைச் சாம்பல் வலுவாக மாற்றுகிறது, துளைகளும் அடைபடுகின்றன.

இது புது வித்தை அல்ல. நேப்பிள்ஸ் அருகே கிடைத்த எரிமலைச் சாம்பலைச் சுண்ணாம்போடு கலந்து ரோமானியர்கள் கடலுக்குள்ளேயே துறைமுகம் கட்டினார்கள். நம் நாட்டுக் கொத்தனார்கள் செங்கற்பொடியைச் சுண்ணாம்போடு அரைத்துச் சுர்க்கி என்ற காரை செய்தார்கள். மூன்றிலும் நடப்பது ஒரே வேதிவினை.

நெய்வேலிச் சாம்பலுக்குத் தனிக்குணம் ஒன்று உண்டு. முற்றிய நிலக்கரியின் சாம்பலில் சுண்ணாம்பு குறைவு. பழுப்பு நிலக்கரி முற்றாதது. மட்கிய மரத்தின் அமிலங்களோடு கால்சியம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எரியும்போது அதுவே சுண்ணாம்பாகிறது. அதனால் இந்தச் சாம்பல் தண்ணீர் பட்டாலே ஓரளவு தானாக இறுகும். இதே குணம் தொல்லையும் தரும். வினைபுரியாத சுண்ணாம்பும் சல்பேட்டும் அளவுக்கு மிஞ்சினால், இறுகிய பிறகு கான்கிரீட் உள்ளேயே விரிந்து வெடிப்பு விடும். வந்து இறங்கும் ஒவ்வொரு லோடையும் சோதித்துத்தான் பயன்படுத்த வேண்டும்.

நெல் விளையும் சிதம்பரம் பக்கம் இன்னொரு சாம்பலும் இருக்கிறது. ஆயிரம் கிலோ நெல்லை அரைத்தால் ஏறத்தாழ 200 கிலோ உமி. அதை எரித்தால் ஏறத்தாழ 40 கிலோ சாம்பல். நெற்பயிர் வேர்வழியாக உறிஞ்சி உமியில் சேர்த்து வைத்த சிலிக்காதான் அதில் பெரும்பகுதி. ஆனால் எரிக்கும் வெப்பம் முக்கியம். ஏறத்தாழ 700 டிகிரிக்குள் எரித்தால் சிலிக்கா ஒழுங்கற்ற வடிவில் நின்று சுறுசுறுப்பாக வினைபுரியும். வெப்பம் மிஞ்சினால் படிகமாகி மந்தமாகிவிடும். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் உமிச் சாம்பல் கலந்த சிமென்ட் நீரோடு எப்படி வினைபுரிகிறது என்று ஆராய்ந்திருக்கிறார்கள். ஆலையிலிருந்து வரும் உமிச் சாம்பல் எல்லாம் ஒரே தரமல்ல என்பதுதான் இதில் உள்ள நடைமுறைச் சிக்கல்.

செங்கல்லிலும் கணக்கு இப்படித்தான். ஒரு செங்கல் ஏறத்தாழ மூன்று கிலோ. கல் அறுக்க எடுப்பது வண்டல் மண். பிறகு 900 டிகிரிக்கு மேல் சூளை எரிய வேண்டும். மேல்மண் போன வயல் பழைய விளைச்சலுக்குத் திரும்பப் பல காலமாகும். சாம்பல் கல்லுக்குச் சூளையே வேண்டாம். சாம்பல், கிரஷர் தூள், சிமென்ட் அல்லது சுண்ணாம்பும் ஜிப்சமும் கலந்து எந்திரத்தில் அழுத்தி, தண்ணீர் விட்டே இறுக வைக்கிறார்கள். 1999 செப்டம்பரில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் போட்ட ஆணை, அனல்மின் நிலையத்தைச் சுற்றி 50 கிலோமீட்டருக்குள் செங்கல் செய்வோர் குறைந்தது 25 சதவீதம் சாம்பல் சேர்க்க வேண்டும் என்றது. கடலூரும் சிதம்பரமும் நெய்வேலியிலிருந்து அந்த வட்டத்துக்குள்தான் இருக்கின்றன.

கடலோர ஊர்களுக்கு இதில் கூடுதல் லாபம். உப்புக்காற்றின் குளோரைடு கான்கிரீட்டுக்குள் ஊடுருவிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கிறது. துரு இடம் அடைத்து வீங்க, கான்கிரீட் பெயர்ந்து விழுகிறது. கடலூர் முதுநகர் முதல் பரங்கிப்பேட்டை வரை பழைய சன்ஷேடுகளில் இதைப் பார்க்கலாம். நல்ல சாம்பல் கலந்த கான்கிரீட்டில் துளைகள் நுண்மையானவை; உப்பு உள்ளே போவது மெதுவாகிறது. இருபது ஆண்டில் இடிக்க வேண்டியதை அறுபது ஆண்டு நிற்க வைப்பதைவிடப் பெரிய சிக்கனம் கட்டுமானத்தில் இல்லை. இதற்கு ஒரே நிபந்தனை, பொறுமை. சாம்பலின் வினை மெதுவானது; பல வாரங்கள் நடந்துகொண்டே இருக்கும். மூன்று நாள் தண்ணீர் தெளித்துவிட்டு நிறுத்தினால், சாம்பல் வெறும் தூளாகவே உள்ளே தங்கிவிடும். சென்ட்ரிங்கை அவசரமாகப் பிரிப்பதும் ஆகாது.

சுவருக்குள் போகாத சாம்பல் என்ன ஆகிறது? தண்ணீரில் கரைத்துச் சாம்பல் குட்டைகளில் விடுகிறார்கள். காய்ந்தால் காற்றில் பறக்கிறது. நிலக்கரியில் இம்மியளவு இருந்த ஆர்செனிக், ஈயம் போன்ற உலோகங்கள், கரி எரிந்து போனபின் சாம்பலில் செறிவாகத் தங்குகின்றன. 2023இல் பூவுலகின் நண்பர்களும் மந்தன் அத்யயன் கேந்திராவும் வெளியிட்ட ஆய்வு, நெய்வேலி, பரங்கிப்பேட்டை வட்டாரங்களில் நிலமும் நீரும் மாசுபட்டிருப்பதைச் சுட்டிக்காட்டியது. இறுகிய கான்கிரீட்டுக்குள் இதே உலோகங்கள் பெருமளவு சிறைப்பட்டுவிடும். ஒரே பொருள்தான், குட்டையில் கிடந்தால் பக்கத்து ஊர்க் கிணற்றுக்குக் கேடு, தூணில் இருந்தால் வீட்டுக்குப் பலம்.

சாம்பல் பயன்படுகிறது என்பதற்காக நிலக்கரியை எரித்துக்கொண்டே இருக்கலாம் என்று யாரும் வாதாட முடியாது. மின்சாரம் வேறு வழிக்கு மாற வேண்டும், மாறும். அதன் பிறகும் ஏற்கெனவே கொட்டிய சாம்பல் அங்கேயேதான் இருக்கும். சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் 2021 டிசம்பர் ஆணை அந்தப் பழைய சாம்பலையும் பத்து ஆண்டுகளுக்குள் பயன்படுத்தித் தீர்க்கச் சொல்கிறது. கடலூர் மாவட்டத்தில் எழும் ஒவ்வொரு பள்ளிக் கட்டடத்துக்கும் அங்கன்வாடிக்கும் தடுப்பணைக்கும் மதிப்பீடு போடும்போதே, எவ்வளவு சாம்பல், அது எந்தச் சோதனையில் தேறியது, எத்தனை நாள் தண்ணீர் விட வேண்டும் என்ற மூன்றையும் எழுதிவிட வேண்டும். சொந்த வீடு கட்டுகிறவரும் மேஸ்திரியிடம் இவற்றைக் கேட்கலாம். புகையையும் தூசியையும் இத்தனை ஆண்டுகள் சுமந்த மாவட்டத்துக்கு, அந்தச் சாம்பலால் உறுதியான வீடுகளாவது கிடைக்க வேண்டும்.