மாயப் போர்க்களமும் மென்பொருட் பண்பாடும்

நமது கல்லூரியின் விழா மலரிற் கணினி விளையாட்டைப் பற்றி ஒரு கட்டுரையோ என்று முகஞ்சுளிக்கும் அன்பர்கள் உளர் என்பதை நாம் அறிவோம். பாடநூல் விரிந்தபடி கிடக்க, மாணவன் கணினித் திரையில் வாள்வீரரையும் மந்திரவாதிகளையும் நகர்த்திக்கொண்டிருக்கும் காட்சியைக் கண்டு மனம் நொந்த ஆசிரியர்களும் உளர். அவர்தம் வருத்தம் நியாயமானதே. அதனை நாம் மறுக்கப் புகவில்லை. ஆயினும், அத்தகைய விளையாட்டுக்களைப் பல்லாண்டுகளாக ஆடி, அவற்றுட் சிலவற்றின் உள்ளமைப்பையும் ஓரளவு ஆராய்ந்து வந்துள்ள நாம், அவற்றைப்பற்றிய எமது கருத்துக்களைப் பழைய மாணவர் முன்னும் இளைய மாணவர் முன்னும் வைக்க விரும்புகின்றோம். ஆடுவது நன்றா தீதா என்பதன்று நாம் எழுப்பும் வினா. ஆடப்படும் விளையாட்டு யாருடைய உடைமை, அஃது எதனால் நிலைபெறும் என்பதே வினா.

முதற்கண் இவ்வகை விளையாட்டின் குலமுறையைச் சிறிது கூறுவாம். யானை, தேர், குதிரை, காலாள் என்னும் நால்வகைப் படையையும் பலகைமேல் நிறுத்திப் பொருதும் சதுரங்கம், கி. பி. 6ஆம் 7ஆம் நூற்றாண்டளவில் இந்தியாவில் வழங்கிப் பாரசீகம் வழியாக மேற்கே சென்றது என்பர். பலகைப் போரைப் படைப்பயிற்சிக் கருவியாக்கியவர் பிரசிய நாட்டினர். ரைஸ்விற்ஸ் என்னும் பிரபு 1812ஆம் ஆண்டில் அரசனுக்குக் காட்டிய போர் விளையாட்டை, அவர் மைந்தர் 1824இல் திருத்தி, நிலப்படத்தின்மேற் படைகளை நகர்த்தித் தாயக்கட்டையால் விளைவைத் துணியும் விதிகளுடன் வெளியிட்டார். 1913இல் எச். ஜி. வெல்ஸ் என்னும் ஆங்கில எழுத்தாளர் பொம்மை வீரரைக்கொண்டு வீட்டுத் தரையிலே பொருதும் முறையை ஒரு நூலாக வகுத்தார். 1954, 1955ஆம் ஆண்டுகளில் டோல்கீனின் ‘லோர்ட் ஒஃப் த ரிங்ஸ்’ வெளிவந்தபின், எல்வ் என்னும் வனமாந்தரும் ஓர்க் என்னும் கொடுங்கணத்தாரும் மேனாட்டார் கற்பனையிற் குடிபுகுந்தனர். அவர்களைப் போர் விளையாட்டிற் சேர்த்துக்கொண்ட ‘செயின்மெயில்’ என்னும் விதிநூல் 1971இல் வந்தது. அதன் ஆசிரியருள் ஒருவரான கரி கைகக்ஸ், டேவ் ஆர்னிசன் என்பாருடன் கூடி 1974இல் ‘டஞ்சன்ஸ் அன்ட் டிராகன்ஸ்’ என்னும் விளையாட்டை ஆக்கினார். வீடுகளிற் கணினி பெருகியபோது இம்மரபு முழுவதும் திரைக்குள் வந்து சேர்ந்தது.

இம்மரபில் நாம் நன்கறிந்த ஒன்றை உதாரணமாகக் கொள்வோம். அதன் பெயர் ‘பற்றில் ஃபோர் வெஸ்நோத்’. வெஸ்நோத் என்னும் கற்பனை நாட்டிற்காக நிகழும் போர் என்பது பொருள். போர்க்களம் அறுகோணக் கட்டங்களாற் பகுக்கப்பட்டிருக்கும். சதுரங்கத்திற்போல் இரு திறத்தாரும் முறைமாறி நகர்த்துவர். ஆதலின், கைவேகத்திற்கு இங்கு இடமில்லை, சிந்தனைக்கே இடமுண்டு. சமவெளியில் நிற்கும் மனித ஈட்டிவீரனுக்கு நூற்றுக்கு 40 பங்கு காப்பு உண்டு; அவனே ஓர் ஊருக்குள்ளோ கோட்டைக்குள்ளோ நின்றால் 60 பங்கு காப்பு. பொழுதிற்கும் அங்கு வலியுண்டு. ஒரு நாள் ஆறு சுற்றுக்களாகப் பகுக்கப்பட்டுள்ளது. ஒழுங்கு நெறியினர் பகலில் நாலிலொரு பங்கு மிகுதியான வலியுடனும் இரவில் அவ்வளவு குறைந்த வலியுடனும் பொருவர்; ஓர்க் முதலியோர்க்கு இது தலைகீழாகும். எனவே, எங்கே நிற்பது என்பதுடன் எப்பொழுது தாக்குவது என்பதையும் படைத்தலைவன் கணித்தல் வேண்டும்.

நாம் மிக விரும்புவது மற்றொரு விதியை. ஒரு களத்தில் உயிர்தப்பிய வீரன் தான் பெற்ற அநுபவத்துடன் அடுத்த களத்திற்கு வருவான். இருபது பொன் கொடுத்து அவனை மீள அழைக்கலாம். மாண்டவனோ மீளான். ஆகவே, வெற்றிக்காக வீரரை விறகுபோல எரிக்கும் தலைவன் மூன்றாம் நான்காம் களத்திற் பழகிய வீரர் எவருமின்றி நிற்பான். இதனை எமக்கு எவரும் போதிக்கவில்லை. தோற்றுத் தோற்றே கற்றுக்கொண்டோம்.

இவ்விளையாட்டை ஆடுவோர் ஓயாது கூறும் குறை ஒன்றுண்டு: அதிர்ஷ்டம் வஞ்சிக்கின்றது என்பதே அது. அக்குறையைக் கணிதத்தாற் பார்ப்போம். கோட்டைக்குள் நிற்கும் பகைவனை ஈட்டிவீரன் மூன்று முறை குத்துகின்றான். ஒவ்வொரு குத்தும் படுவதற்கு நூற்றுக்கு 40 வாய்ப்பு, தவறுவதற்கு 60. மூன்றும் தவறுவதற்குரிய வாய்ப்பு ஆயிரத்திற்கு 216. மூன்றும் படுவதற்கு ஆயிரத்திற்கு 64 மட்டுமே. ஏறக்குறைய ஐந்து தாக்குதல்களில் ஒன்று முற்றாக வீணாகும் என்பது விதியிலேயே எழுதப்பட்டிருக்க, அது நேரும்போது வஞ்சனை என்று கூவுதல் தகுமா? அத்தாக்குதல் வீணானாலும் படை குலையாதபடி அணிவகுப்பதே அறிவு. சேமித்த இடத்திற்கு மீண்டு சென்று குத்துப் படும்வரை ஆடுவோரும் உளர். அவர் வெற்றி பெறுவர். ஆனால் யாதும் கற்றிலர்.

இத்துணை நுட்பம் வாய்ந்த ஆக்கங்கள் யாருடைய உடைமை என்னும் வினாவிற்கு இனி வருவோம். இவ்வகையில் உலகப் புகழ் பெற்றது ‘ஹீரோஸ் ஒஃப் மைற் அன்ட் மஜிக்’ என்னும் தொடர். நியூ வேர்ல்ட் கொம்பியூட்டிங் என்னும் அமெரிக்க நிறுவனம் அதன் முதற்பாகத்தை 1995இலும், பலரும் இன்றும் போற்றும் மூன்றாம் பாகத்தை 1999இலும் வெளியிட்டது. ஒரே கணினியின் முன் நண்பர் கூடி முறைமாறி ஆடுதற்கேற்ற அம்மூன்றாம் பாகத்தில் எத்தனையோ இரவுகளை நாமும் கழித்தோம். அந்நிறுவனம் 1996 முதல் திரீ-டி-ஓ கம்பெனியின் கையில் இருந்தது. அக்கம்பெனி 2003ஆம் ஆண்டு மே மாதத்தில் முறிந்தது. விளையாட்டின் பெயருரிமையைப் பிரான்சிய நிறுவனமான யூபிசொஃப்ற் 13 இலட்சம் டொலருக்கு வாங்கியது. 2015இல் மூன்றாம் பாகம் தெளிவான புதிய சித்திரங்களுடன் மீள வெளியிடப்பட்டபோது, முன்னர் அதனுடன் வழங்கிய இரு விரிவுகளும் அதிற் சேரவில்லை. அவற்றின் மூலநிரல் கிடைக்கவில்லை என்பதே வெளியிட்டார் கூறிய காரணம். மூலநிரல் என்பது விளையாட்டை ஆக்கியோர் எழுதிய கட்டளைத் தொகுதி. பலகாரத்தை விற்று அதன் பாகமுறையைப் பெட்டியிற் பூட்டினால், பெட்டி தொலைந்த அன்றே பாகமும் தொலையும்.

அவ்விளையாட்டைக் காப்பாற்ற முயன்றவர் யார்? அதனை ஆடியவர்களே. ‘வி-சி-எம்-ஐ’ என்னும் பெயரில் 2007இல் தொடங்கிய ஒரு குழுவினர், மூலநிரலின் உதவியின்றி, விளையாட்டின் இயங்குமுறையை நோக்கி நோக்கித் தாமே புதிதாக எழுதலாயினர். பழைய விளையாட்டை வாங்கி வைத்திருப்போர் அதன் சித்திரக் கோப்புக்களை இப்புதிய இயந்திரத்துடன் சேர்த்து இன்றைய கணினிகளில் ஆடலாம். ஊதியமின்றி நிகழும் இவ்வுழைப்பு வியப்புக்குரியது. ஆயினும், முன்னரே கைக்கெட்டியிருக்க வேண்டிய ஒன்றை மீள ஆக்குதற்கு இத்தனை ஆண்டுகள் செலவாயினவே என்னும் ஏக்கமும் எழுகின்றது.

திரீ-டி-ஓ கம்பெனி முறிந்ததற்கு அடுத்த மாதமே, அஃதாவது 2003 யூனில், டேவிட் வைற் என்பவர் தனியொருவராக எழுதிய ஒரு சிறு விளையாட்டை வெளியிட்டார். யப்பானிய விளையாட்டுக்கள் சிலவற்றைக் கண்டு எழுந்த ஆர்வத்தால் விளைந்த அதுவே மேற்சொன்ன வெஸ்நோத். அவர் வரைந்த சித்திரங்கள் அழகியனவல்ல. அவற்றைக் கண்ட பிறர் நல்லனவற்றை வரைந்து அனுப்பினர். அங்ஙனம் அனுப்புதற்கு இடமளித்தது அவர் தெரிந்துகொண்ட உரிமமே. றிச்சேட் ஸ்டோல்மன் என்னும் அமெரிக்க அறிஞர் 1983இல் தொடங்கிய கட்டற்ற மென்பொருள் இயக்கத்திலிருந்து 1989இற் பிறந்தது அவ்வுரிமம். எந்நோக்கத்திற்கும் இயக்குதல், மூலநிரலைக் கற்று மாற்றுதல், படியெடுத்துப் பிறர்க்கு வழங்குதல், திருத்திய வடிவத்தையும் வழங்குதல் என்னும் நான்கு உரிமைகளை அது பயன்படுத்துவோர்க்கு அளிக்கின்றது. திருத்தி வழங்குபவர் தாம் பெற்ற அதே உரிமைகளைத் தம்மிடம் பெறுவோர்க்கும் அளித்தல் வேண்டும் என்பதே நிபந்தனை. கற்ற கல்வியைக் கரவாது அடுத்தவர்க்கு ஓதுவிக்கும் ஆசிரிய மரபு போன்றது இது.

இதன் பயன் யாதெனில், வெஸ்நோத்தின் 1.0 என்னும் பதிப்பு 2005இலும், 1.18 என்னும் பதிப்பு 2024இலும் வெளிவந்தன. இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கைமாறிக் கைமாறி அவ்வாக்கம் வளர்ந்து வருகின்றது. அதனுடன் வழங்கும் போர்க்கதைகள் 15இற்கு மேற்பட்டவை. அவற்றை எழுதியவரும் ஒருவரல்லர். கதைகளும் களங்களும் எளிய எழுத்துக்கோப்புக்களாக உள்ளமையால், நிரலாக்கம் பயிலாத ஒருவரும் அவற்றைத் திறந்து படித்து, ஓர் எண்ணை மாற்றி, விளைவைக் காணலாம். நாம் அங்ஙனமே தொடங்கினோம். ஈட்டிவீரனின் குத்து மூன்றென்றிருந்ததை நான்காக்கிப் பார்த்தோம், போர் சுவையிழந்தது. ஏன் மூன்று என்று வகுத்தார்கள் என்பது அன்றுதான் விளங்கிற்று. பாத்திரங்களின் உரையாடல்களும் நிரலினின்றும் பிரித்தே வைக்கப்பட்டுள்ளன. மொழிபெயர்ப்போர் நிரலைத் தொடாமலே தம் மொழியிற் பெயர்க்கலாம்.

ஒரு பக்கமே பேசுதல் நடுவுநிலையாகாது. பெருநிறுவனங்களின் ஆக்கங்களோடு ஒப்பிடுமிடத்து வெஸ்நோத்தின் சித்திரங்கள் எளியவை. கணினி நடத்தும் பகைப்படை சில வேளைகளிற் பேதைமையாக முன்னேறி அழியும். ஊதியமின்றி உழைப்போர் இளைப்பர். குடும்பமும் தொழிலும் வந்தபின் விலகுவர். நல்ல விளையாட்டை ஆக்குவோர்க்கும் வயிறு உண்டு. விலைகொடுத்து வாங்குவது குற்றமன்று, திருட்டுப்படி எடுப்பதே குற்றம். பொதுக்கிணறு பொதுவென்பதனால் மட்டும் நீர் தராது. ஆண்டுதோறும் இறைத்துத் தூர்வாருவோர் வேண்டும். கட்டற்ற மென்பொருளும் அங்ஙனமே.

ஆயினும், விலைகொடுத்து வாங்கியது நமக்கு உரியதாதல் வேண்டுமன்றோ? எமது அநுபவம் ஒன்றைக் கூறுவோம்; நிறுவனத்தின் பெயர் இங்கு வேண்டா. சில ஆண்டுகளுக்கு முன் நாம் வாங்கிய போர் விளையாட்டொன்று, தனியே ஆடும்போதும் நிறுவனத்தின் கணினியுடன் தொடர்பு கொண்டே இயங்கியது. ஒருநாள் அத்தொடர்பு நிறுத்தப்பட்டது. பணம் கொடுத்த சீட்டு எம்மிடம் இருந்தது, விளையாட்டு இல்லை. நாம் வாங்கியது பொருளன்று, அவர்கள் விரும்பும்வரை ஆடும் அநுமதியே என்பது சிற்றெழுத்தில் இருந்ததாம். கலிபோர்ணியா மாநிலம் 2024இல் நிறைவேற்றி 2025 தை முதலாந் தேதி நடைமுறைப்படுத்திய சட்டமொன்று, இத்தகைய அநுமதியை விற்போர் அஃது அநுமதியே என்று வெளிப்படையாகக் கூறாமல் ‘வாங்குக’ என்னும் சொல்லைப் பயன்படுத்தலாகாது என விதிக்கின்றது. சட்டம் இழந்ததை மீட்டுத் தராது. எனினும், உண்மையைப் பெயரிட்டு அழைத்தது.

இளைய மாணவர்க்கு நாம் கூற விரும்புவது இதுவே. ஆடுங்கள், ஆனால் அளவறிந்து ஆடுங்கள். ஆடிய விளையாட்டு எவ்வாறு இயங்குகின்றது என்று ஒருமுறையேனும் திறந்து பாருங்கள். திறந்து பார்க்க இடந்தரும் விளையாட்டை நாடுங்கள். ஓர் எழுத்துப்பிழையைத் திருத்தி அனுப்பினும் நீவிர் அதன் ஆக்கியோருள் ஒருவராவீர். பழைய மாணவராகிய அன்பர்களுக்கும் ஒரு சொல். நாம் கல்வி கற்ற மண்டபங்களை நாம் கட்டவில்லை, முன்னோர் கட்டினர். அவற்றைப் பூட்டித் தம்முடன் கொண்டுசெல்லாது எமக்கு விட்டுச் சென்றனர். அதனாலன்றோ இன்று விழாக் கொண்டாடுகின்றோம்! ஓர் ஆக்கம் அதனை ஆக்கியோர் மறைந்த பின்னும் வாழ்வது, பின்வருவோர் கையில் அதன் திறவுகோலும் சேர்ந்தால் மட்டுமே. கட்டடத்திற்கு மெய்யானது கணினி நிரலுக்கும் மெய்யே என்று கூறி அமைகின்றோம்.