டர்போ காருக்கு எந்த ஸ்பார்க் பிளக்?

கொங்கு நாட்டுக்கு டர்போ புதிதல்ல. நாமக்கல் லாரிகளும் திருச்செங்கோட்டு போர்வெல் வண்டிகளும் டர்போவின் பலத்தில்தான் நாடு முழுக்க ஓடுகின்றன. ஸ்பார்க் பிளக்கும் புதிதல்ல. பைக்கோ மொபெட்டோ வைத்திருந்த வீடுகளில் ஒரு பிளக் ஸ்பேனர் எங்காவது கிடக்கும். ஆனால், இரண்டும் ஒரே இன்ஜினில் சேர்ந்து வந்ததுதான் புதிது. டீசல், காற்றை அழுத்தும்போது பிறக்கும் சூட்டிலேயே பற்றிக்கொள்ளும். அதற்குப் பொறி வேண்டியதில்லை. பைக்கில் பிளக் உண்டு, டர்போ இல்லை.

2017ல் டாடா நெக்ஸானும் மாருதி பலேனோ ஆர்எஸ்ஸும் டர்போ பெட்ரோல் இன்ஜினோடு வந்தன. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 விதி அமலானபோது ஃபோக்ஸ்வேகன் தன் டீசல் கார்களை இந்தியாவில் நிறுத்திவிட்டு, 1 லிட்டர் டர்போ பெட்ரோலை போலோவில் பொருத்தியது. இன்று கோவை அவிநாசி சாலையில் போகும் கார்களில் இந்த வகை நிறையவே உண்டு. அவற்றில் சில, இன்ஜின் கம்ப்யூட்டரை ‘ரீமேப்’ செய்து, பூஸ்ட் எனப்படும் டர்போவின் காற்றழுத்தம் ஏற்றப்பட்டவை. பட்டறைக்கு வரும் உரிமையாளர் கேட்கும் முதல் கேள்வி: “எந்த பிளக் போடலாம்ணா?” இருப்பதிலேயே விலை கூடியதைப் போடுவது பலருடைய வழக்கம். அது தவறான தொடக்கம். முதலில் சூடு, அடுத்து இடைவெளி, கடைசியில்தான் உலோகம். இந்த வரிசை மாறினால் பணத்தோடு பிஸ்டனும் போகலாம்.

சூட்டைக் கடத்தும் வேலை

பொறி கொடுப்பதோடு பிளக்கின் வேலை முடிந்துவிடுவதில்லை. எரியும் வாயுவின் வெப்பம் 2,000 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அதில் மூழ்கியிருக்கும் பிளக்கின் நுனி சுமார் 500 முதல் 850 டிகிரிக்குள் நிற்க வேண்டும். 500க்குக் கீழே இறங்கினால் நுனியில் கரி படியும். கரி மின்சாரத்தைக் கடத்தும் என்பதால், பொறியாக வேண்டிய மின்சாரம் அதன் வழியே கசிந்துவிடும். 900ஐத் தாண்டினால் நுனி கங்காகி, பொறி வருவதற்கு முன்பே பெட்ரோலைப் பற்றவைக்கும். மேலே ஏறிவரும் பிஸ்டன் எதிரே வெடிப்பு நிகழ்ந்தால் அலுமினியம் உருக அதிக நேரம் பிடிக்காது.

நுனியின் சூடு, அதைச் சுற்றியுள்ள வெள்ளைப் பீங்கான் வழியாக மரைக்கும், மரையிலிருந்து சிலிண்டர் ஹெட்டுக்கும் போகிறது. பீங்கான் மூக்கு நீளமாக இருந்தால் இந்தப் பாதையும் நீளும். நீண்ட வாய்க்காலில் விட்ட தண்ணீர் கடைமடைக்குத் தாமதமாகப் போவதுபோல, சூடு வெளியேறத் தாமதமாகி நுனியிலேயே தங்கும். இது ஹாட் பிளக். மூக்கு குட்டையாக இருந்தால் சூடு சட்டென்று இறங்கிவிடும். அது கோல்டு பிளக். இந்த ஹாட்-கோல்டு அளவான ஹீட் ரேஞ்ச் ஒரு படி மாறினால் நுனியின் வெப்பநிலை ஏறக்குறைய 70 முதல் 100 டிகிரி வரை மாறும்.

டர்போ, சிலிண்டருக்குள் அதிகக் காற்றைத் திணிக்கிறது. காற்றுக்கு ஏற்றபடி பெட்ரோலும் கூடும். எரியும் வெப்பமும் கூடும். அதனால் பூஸ்ட் ஏற்றிய இன்ஜினுக்குக் கம்பெனி கொடுத்ததைவிட ஒரு படி கோல்டான பிளக் போடுவது வழக்கம். பெரிய டர்போ மாட்டி, சக்தியை வெகுவாகக் கூட்டியவர்கள் இரண்டு படி போவார்கள்.

செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வேயில் இதன் தேவை நன்றாகப் புரியும். 1988ல் மாருதி 800 இன்ஜினை வைத்து ஃபார்முலா மாருதி பந்தயக் காரை உருவாக்கிய கோவைக்காரர் எஸ். கரிவரதன். 1995ல் விமான விபத்தில் மறைந்த அவருடைய பெயரில்தான் இந்தத் தடம் இருக்கிறது. இரண்டு கிலோமீட்டருக்குச் சற்றே அதிகமான சுற்றில், திருப்பத்துக்குத் திருப்பம் ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்து ஓட்டும்போது நுனி ஆற நேரமே கிடைக்காது. அதே கார் திங்கட்கிழமை காலையில் காந்திபுரம் சிக்னலில் ஊர்ந்தால், பந்தயத்துக்குப் போட்ட கோல்டு பிளக் சூடேறாமல் கரி பிடிக்கும். தினமும் அலுவலகம் போகும் காருக்குப் பந்தயக்காரர் சொல்லும் பிளக் பொருந்தாமல் போவது இதனால்தான். ரீமேப் எதுவும் செய்யாத காருக்குக் கம்பெனி சொன்ன ஹீட் ரேஞ்சே சரி. அதை மாற்ற வேண்டிய காரணமே இல்லை.

அழுத்தம் கூடினால் இடைவெளி குறையட்டும்

இரண்டு முனைகளுக்கு இடையே பொறி பாய எத்தனை வோல்ட் வேண்டும்? 1889ல் ஃபிரெட்ரிக் பாஷென் என்ற ஜெர்மானிய இயற்பியலாளர் இதற்கு விடை கண்டார். வாயுவின் அழுத்தமும் முனைகளின் இடைவெளியும் சேர்ந்தே அதைத் தீர்மானிக்கின்றன. இன்ஜினுக்குள் நிலவும் நிலையில், இரண்டில் எது கூடினாலும் தேவைப்படும் வோல்டேஜும் கூடும். டர்போ 1 பார் பூஸ்ட் கொடுத்தால், உள்ளே போகும் காற்றின் அழுத்தம் வெளிக்காற்றைப்போல் இரு மடங்கு. அதைப் பிஸ்டன் மேலும் அழுத்திய பிறகு பொறி பாய வேண்டும். பிளக்குக்கு மின்சாரம் தரும் காயிலால் கொடுக்க முடிந்த வோல்டேஜைவிடத் தேவை அதிகமானால் பொறி பாயாது.

ஐடிலில் இந்தக் கோளாறு தெரியாது. நீலாம்பூர் தாண்டி, நான்காவது கியரில் முழுக்க மிதித்து, பூஸ்ட் உச்சத்துக்கு வரும்போது வண்டி திக்கும். மெக்கானிக்குகள் ‘மிஸ்ஸிங்’ என்பது இதைத்தான். எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையும் கெடுக்கும். பெரிய இடைவெளி பெரிய பொறியைத் தரும், அது கலவையை எளிதாகப் பற்றவைக்கும் என்பது உண்மையே. பொறி பாய்ந்தால்தான் அந்த நன்மை. சாதாரண பெட்ரோல் இன்ஜினில் 1 மி.மீ. அளவுக்கு விடும் இடைவெளியை, டர்போவில் 0.7 அல்லது 0.8 மி.மீ. ஆக்குகிறார்கள். பூஸ்ட் ஏற்றிய இன்ஜினில் 0.6 மி.மீ. வரை குறைப்பதுண்டு. மிஸ்ஸிங் நிற்கும் அளவுக்குக் குறைத்தால் போதும். அதற்கும் கீழே போனால் ஐடில் கரடுமுரடாகும்.

எண்ணைப் பார்த்து ஏமாற வேண்டாம்

ஹீட் ரேஞ்சைக் குறிக்கும் எண் கம்பெனிக்குக் கம்பெனி தலைகீழாகும். என்ஜிகே, டென்சோ பிளக்குகளில் எண் கூடினால் கோல்டு. பாஷ், சாம்பியனில் எண் கூடினால் ஹாட். ஒரு கம்பெனியின் 7ஐக் கழற்றிவிட்டு இன்னொன்றின் 7ஐப் போடுவது, எந்தச் சூட்டில் ஓட்டுகிறோம் என்று தெரியாமலே ஓட்டுவதாகும். ஒப்பீட்டு அட்டவணையைப் பார்த்தே மாற்ற வேண்டும். மரையின் விட்டமும் நீளமும் சரியாக இருப்பதும் அவ்வளவு முக்கியம். நீளம் கூடினால் பிஸ்டனில் இடிக்கலாம். குறைந்தால் ஹெட்டின் மரையில் கரி ஏறி, அடுத்த பிளக்கை மாட்டும்போது மரையே பிய்ந்துவரலாம்.

இரிடியம் எதற்கு?

நிக்கல் 1,455 டிகிரியில் உருகும், பிளாட்டினம் 1,768ல், இரிடியம் 2,446ல். இவ்வளவு உறுதியான உலோகம் என்பதால் இரிடியம் முனையை 0.4 மி.மீ. வரை மெலிதாக்க முடிகிறது. மெல்லிய முனையிலிருந்து பொறி குறைந்த வோல்டேஜில் பாயும், தேய்மானமும் குறைவு. டர்போவுக்கு இவை பயன்தரும் குணங்கள்தான். ஆனால் இரிடியம் தானாகக் குதிரைத்திறனைக் கூட்டாது. ஹீட் ரேஞ்ச் தவறான இரிடியத்தைவிட ஹீட் ரேஞ்ச் சரியான நிக்கல் பிளக் பல மடங்கு நல்லது. அதை அடிக்கடி மாற்ற வேண்டும், அவ்வளவுதான்.

பைக் காலத்துப் பழக்கம் ஒன்றையும் இங்கே விட்டுவிட வேண்டும். எமரி பேப்பரால் தேய்த்து, ஆக்சா பிளேடைச் சொருகி இடைவெளி வைப்பது இரிடியத்துக்கு ஆகாது. மெல்லிய முனை உடைந்துவிடும். கம்பி கேஜால் அளந்து, வெளிப்பக்க முனையை மட்டும் மெல்ல வளைக்க வேண்டும். இன்ஜின் ஆறிய பிறகு, டார்க் ரென்ச்சால் கம்பெனி சொன்ன அளவுக்கு மட்டுமே முடுக்க வேண்டும். இறுக்கம் குறைந்தால் சூடு ஹெட்டுக்கு இறங்காது. அப்போது கோல்டு பிளக்கும் ஹாட் பிளக் ஆகிவிடும்.

பிளக்கால் தீராத ஒன்று

ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளில், கியரை இறக்காமல் 1,500 சுற்றிலேயே முழுக்க மிதித்து ஏறுபவர்கள் உண்டு. பெட்ரோலை நேரடியாகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் சிறிய டர்போ இன்ஜின்களில் இது ஆபத்து. சிலிண்டர் சுவரிலிருந்து தெறிக்கும் ஆயில் துளி தானே பற்றி, பொறிக்கு முன்பே வெடிப்பை உண்டாக்கலாம். கோல்டு பிளக் போட்டாலும் இது முழுதாக நிற்காது. இதையும் கருதித்தான் 2020ல் ஏபிஐ எஸ்பி என்ற ஆயில் தரம் வந்தது. கம்பெனி சொல்லும் தரத்து ஆயிலை ஊற்றி, மலையேறும்போது ஒரு கியர் இறக்கி ஓட்டுவதே மருந்து.

கழற்றிய பிளக் சொல்வது

புது பிளக் போட்டுச் சில நூறு கிலோமீட்டர் ஓட்டியபின் கழற்றிப் பார்க்கலாம். பீங்கான் வெளிர் பழுப்பாக இருந்தால் நல்லது. கறுத்த கரி, பிளக் கோல்டு என்பதையோ பெட்ரோல் அதிகம் என்பதையோ காட்டும். வெளுத்துக் கொப்புளித்திருந்தால் சூடு மிஞ்சிவிட்டது. பளபளக்கும் சிறு துகள்கள் ஒட்டியிருந்தால், அது உருகத் தொடங்கிய பிஸ்டனின் அலுமினியம். வண்டியை அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

கழற்றியவற்றைச் சிலிண்டர் வரிசைப்படி அடுக்கி, ஓடிய கிலோமீட்டரையும் வைத்த இடைவெளியையும் ஒரு நோட்டில் எழுதிவைக்கும் மெக்கானிக்கிடம் காரைக் கொடுங்கள். ஒரு சிலிண்டர் மட்டும் வேறு நிறத்தில் இருந்தால், கோளாறு பிளக்கிலா, காயிலிலா, இன்ஜெக்டரிலா என்று அந்த நோட்டை வைத்தே அவர் தேடத் தொடங்குவார். அடுத்த முறை எந்த ஹீட் ரேஞ்ச், எவ்வளவு இடைவெளி என்பதற்கும் உங்கள் இன்ஜினின் சொந்தக் கணக்கே கையில் இருக்கும்.