வீட்டுப் பூனை ஏன் இப்படிச் செய்கிறது?

வில்லியனூர், பாகூர் பக்கத்தில் நெல் மூட்டை அடுக்கிய வீடு என்றால் அங்கே ஒரு பூனையும் இருக்கும். இப்போது பல வீடுகளில் நெல் மூட்டை இல்லை. நிலத்தை விற்றவர்களும், அறுத்த களத்திலேயே நெல்லைப் போட்டுவிட்டு வருகிறவர்களும் அதிகம். ஆனாலும் பூனை மட்டும் போகவில்லை. மூட்டை மேல் படுத்திருந்தது இன்று டிவி மேஜை மேல் படுத்திருக்கிறது, அவ்வளவுதான்.

கூடவே புகார்களும் இருக்கின்றன. விடியற்காலை மூன்று மணிக்குக் கத்தி எழுப்புகிறது, செத்த எலியைக் கொண்டுவந்து படுக்கையருகே போடுகிறது, தொழ நின்றால் முசல்லாவில் வந்து நீட்டிப் படுக்கிறது, புது சோபாவைக் கீறுகிறது என்று வீட்டுக்கு வீடு சொல்கிறார்கள். சிலர் அடிக்கிறார்கள். சிலர் சாக்கில் போட்டுக் கட்டி, ஏரிக்கரையிலோ மீன் மார்க்கெட்டிலோ விட்டுவிட்டு வருகிறார்கள். இந்தப் பழக்கங்களில் பெரும்பாலானவை குறும்பு அல்ல, பூனையின் பிறவிக் குணம். அதே நேரம், பழக்கம்தானே என்று நாம் விட்டுவிடும் சில விஷயங்கள் நோயின் அடையாளம். இரண்டையும் பிரித்தறியத் தெரிந்தால் பூனைக்கும் நல்லது, நம் பிள்ளைகளுக்கும் நல்லது.

முதலில் அது எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். உலகின் வீட்டுப் பூனைகள் எல்லாம் மேற்காசியப் பகுதியின் காட்டுப் பூனையிலிருந்து வந்தவை என்று 2007-இல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது. மனிதன் பயிர் செய்து தானியம் சேமித்தான்; தானியத்துக்கு எலி வந்தது; எலிக்குப் பூனை வந்தது. சைப்ரஸ் தீவில் சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முந்தைய மனிதப் புதைகுழி ஒன்றின் அருகே ஒரு பூனையும் அடக்கம் செய்யப்பட்டிருந்ததை பிரெஞ்சு ஆய்வாளர்கள் 2004-இல் வெளியிட்டார்கள். நாயை மனிதன் பழக்கினான் என்பார்கள். பூனை, தானாக வந்து சேர்ந்துகொண்ட கூட்டாளி. அதனால்தான் கூப்பிட்டால் வருவதில்லை. நாம் வைத்த பெயர் அதற்குத் தெரியாமல் இல்லை. தன் பெயரை மற்ற சொற்களிலிருந்து பூனை பிரித்தறிகிறது என்று ஜப்பானில் நடந்த ஆய்வு 2019-இல் வெளிவந்தது. காது லேசாகத் திரும்பும். கேட்டுவிட்டது என்று அர்த்தம். வருவதும் வராததும் அதன் இஷ்டம்.

விடியற்காலைக் கூச்சலுக்கும் காரணம் இந்தப் பழைய வாழ்க்கைதான். பூனை ஒரு நாளில் பாதிக்கு மேல் தூங்கும். சுறுசுறுப்பாக இருப்பது பெரும்பாலும் கருக்கலிலும் அந்தி நேரத்திலும். எலி நடமாடும் நேரம் அதுதானே. நம் வீடுகளில் பஜ்ருக்கு எழுந்து விளக்கைப் போட்டதும் முதலில் காலைச் சுற்றி வருவது பூனையாகத்தான் இருக்கும். ரமலானில் சஹர் நேரத்தில் ஒரு மாதம் சாப்பாடு கிடைத்துப் பழகிவிட்டால், ஷவ்வால் பிறந்த பிறகும் அதே நேரத்துக்கு எழுப்பும். பெருநாள் முடிந்தது அதற்கு எப்படித் தெரியும்? எழுப்பியவுடன் சாப்பாடு வைத்தால் அந்தப் பழக்கம் இன்னும் உறுதிப்படும். இரவு படுக்கும் முன் வயிறு நிறையக் கொடுத்துவிட்டு, காலையில் கத்தினால் கொஞ்ச நேரம் கண்டுகொள்ளாமல் இருந்துவிட்டுப் பிறகு வைத்தால் சில வாரங்களில் மாறும்.

செத்த எலி விஷயம் அருவருப்பானதுதான். தாய்ப்பூனை குட்டிகளுக்கு இரையைத் தூக்கிவந்து கொடுக்கும். பாதுகாப்பான இடத்துக்கு இரையைக் கொண்டுவருவதும் அதன் இயல்பு. அந்தப் பாதுகாப்பான இடம் நம் வீடு. திட்டினால் அதற்குப் புரியாது. ஆனால் எலியைக் கையால் தொடாதீர்கள். நெல் வயல் சூழ்ந்த நம் ஊர்களில் எலிக்காய்ச்சல் கவனிக்க வேண்டிய நோய். பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொண்டு எடுத்துப் புதைத்துவிட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். இன்னொன்று: எலி மருந்து தின்ற எலியைப் பூனை தின்றால் பூனையும் சாகக்கூடும். நம் வீட்டிலோ பக்கத்து வயலிலோ மருந்து வைத்திருந்தால் அந்த நாட்களில் பூனையை உள்ளே வைத்திருங்கள். பூனை வளர்க்கிறவர்கள் எலி மருந்தும் வைப்பது நமக்குச் சரியாகப் படவில்லை.

முசல்லாவுக்கு வருவோம். பூனை வெதுவெதுப்பான, மெத்தென்ற, நம் உடம்பு வாசனை உள்ள இடத்தைத் தேடும். தினமும் ஐந்து வேளை நம் நெற்றியும் கையும் படுகிற விரிப்பு அதற்குப் பிடித்துப்போவதில் ஆச்சரியமில்லை. பிள்ளைகள் விரித்து வைத்த பாடப்புத்தகத்தின் மேல் போய் உட்காருவதும் இதே கதைதான். காலில் கன்னத்தை உரசுவதற்கும் காரணம் உண்டு. அதன் கன்னத்தில் வாசனைச் சுரப்பிகள் இருக்கின்றன. உரசித் தன் வாசனையைப் பூசி, “இது என் வீட்டு ஆள்” என்று அடையாளம் வைக்கிறது. தொழுகையில் நிற்கும்போது காலில் உரசியதற்காக அதை எட்டி உதைக்க வேண்டிய அவசியம் இல்லை.

பூனை வாய் வைத்த தண்ணீரில் ஒளூ செய்யலாமா என்ற கேள்வி நம் பெண்களிடமிருந்து அடிக்கடி வருகிறது. கப்ஷா (ரலி) அவர்கள் தம் மாமனார் அபூகதாதா (ரலி) அவர்களுக்கு ஒளூவுக்குத் தண்ணீர் வைத்தபோது பூனை ஒன்று வந்தது. அது வசதியாகக் குடிக்கும்படி அவர்கள் பாத்திரத்தைச் சாய்த்துக் கொடுத்தார்கள். மருமகள் வியப்புடன் பார்த்தபோது, பூனை அசுத்தமல்ல, அது உங்களைச் சுற்றி வருபவற்றில் ஒன்று என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னதாக எடுத்துச் சொன்னார்கள். அபூதாவூத், திர்மிதி உள்ளிட்ட நூல்களில் இது இருக்கிறது. ஹனஃபி மத்ஹபில் வேறு தண்ணீர் இருக்கும்போது அதைத் தவிர்ப்பது நல்லது என்கிறார்கள். எலியைத் தின்ற இரத்தம் வாயில் தெரிய வந்து குடித்தால் அது வேறு விஷயம். மேற்கொண்டு நுணுக்கங்களை உங்கள் பள்ளிவாசல் இமாமிடம் கேளுங்கள். பூனை தண்ணீர் குடிக்கும் விதத்தை அமெரிக்க ஆய்வாளர்கள் வேகக் கேமராவில் படமெடுத்து 2010-இல் வெளியிட்டார்கள். நாக்கின் நுனி தண்ணீரின் மேற்பரப்பைத் தொட்டும் தொடாமலும் சட்டென்று மேலே எழும். கூடவே எழும்பும் தண்ணீர்த் தாரையை வாயை மூடிப் பிடித்துக்கொள்ளும். வினாடிக்கு ஏறக்குறைய நான்கு தடவை. கேட்க அழகாக இருக்கிறது என்பதற்காகச் சொல்கிறோம். மார்க்கச் சட்டத்துக்கு இதைச் சான்றாக யாரும் தூக்கிக்கொண்டு வர வேண்டியதில்லை.

பூனையின் உடல் அசுத்தமல்ல என்றாலும் அதன் சிறுநீரும் மலமும் அசுத்தம்தான். பருவமடைந்த கடுவன் பூனை சுவரிலும் துணி மேலும் பின்பக்கமாகப் பீய்ச்சி எல்லை குறிக்கும். அந்த வாடை வந்த துணியைத் துவைக்காமல் அதில் தொழக் கூடாது.

மடியில் ஏறி இரண்டு முன்கால்களாலும் மாறி மாறி மாவு பிசைவதுபோல் அழுத்தும் பழக்கம் குட்டியாக இருந்தபோது வந்தது. தாயின் மடியை அப்படி அழுத்தினால்தான் பால் இறங்கும். வளர்ந்த பிறகும் நிம்மதியாக இருக்கும்போது அதே வேலையைச் செய்கிறது. தூரத்தில் உட்கார்ந்து நம்மைப் பார்த்துக் கண்ணை மெதுவாக மூடித் திறந்தால் அதுவும் பயமில்லை என்பதற்கான அடையாளம். நாமும் அதுபோல மெதுவாகக் கண் சிமிட்டினால் பூனை பதிலுக்குச் சிமிட்டுவதையும், அருகில் வர விரும்புவதையும் இங்கிலாந்து ஆய்வாளர்கள் 2020-இல் பதிவு செய்தார்கள். வீட்டில் முயன்று பாருங்கள், செலவில்லை.

‘கர்கர்’ என்று தொண்டைக்குள் ஒலி எழுப்புவதை மட்டும் எப்போதும் சந்தோஷம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அடிபட்ட பூனையும், வலியில் இருக்கும் பூனையும் அதே ஒலியை எழுப்பும். பூனை தன் நோயை மறைக்கும் பிராணி. கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்வது, உடம்பை நக்கிச் சுத்தம் செய்வதை நிறுத்துவது, ஏறி உட்காரும் இடத்தில் ஏறாமல் இருப்பது ஆகியவைதான் அது சொல்லும் சேதி. இரண்டு நாள் சாப்பிடாவிட்டால், குறிப்பாகக் கொழுத்த பூனைக்கு, ஈரல் கெட ஆரம்பிக்கும். கடுவன் பூனை அடிக்கடி குந்தி முக்கியும் சிறுநீர் வராமல் கத்தினால் அது பிடிவாதமும் இல்லை, மலச்சிக்கலும் இல்லை. சிறுநீர்ப் பாதை அடைத்திருக்கலாம். ஓரிரு நாளில் உயிர் போய்விடும். அன்றைக்கே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.

காய்ச்சல் என்று நினைத்து நம் பாராசிட்டமால் மாத்திரையைப் பொடித்துக் கொடுத்துவிடாதீர்கள். அந்த மருந்தைச் செரித்து வெளியேற்றும் சக்தி பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. ஒரே மாத்திரை அதைக் கொன்றுவிடலாம். நல்லெண்ணத்தில் செய்கிற கெடுதல் இது. பினாயிலும் இதே வகைதான். ஈரத் தரையில் நடந்துவிட்டுப் பாதத்தை நக்கினால் விஷம் உள்ளே போகும். தரை நன்றாகக் காயும்வரை பூனையை வெளியே விடுங்கள். அந்துருண்டையும் எட்டாத இடத்தில் இருக்கட்டும்.

இனி பிள்ளைகள் விஷயம். பூனை மல்லாந்து வயிற்றைக் காட்டுவது நம்பிக்கையின் அடையாளம், தடவச் சொல்வதாக அர்த்தமில்லை. கை வைத்தால் பல பூனைகள் கடிக்கும். வாலை ஆட்ட ஆரம்பித்தாலோ காதைப் பின்னால் மடக்கினாலோ போதும், விடு என்று பொருள். எப்படிப் போட்டாலும் காலில் விழுமாமே என்று பிள்ளைகள் தூக்கிப் போட்டுப் பார்ப்பதும் உண்டு. விழும்போது நடுவானில் உடலைத் திருப்பிக்கொள்ளும் இந்த வித்தையைப் பாரிஸில் மாரே என்ற அறிஞர் 1894-இலேயே தொடர் புகைப்படமாக எடுத்துக் காட்டிவிட்டார். நம் பிள்ளைகள் மறுபடி நிரூபிக்க வேண்டியதில்லை. பிறந்து சில வாரமே ஆன குட்டிக்கு அந்தத் திறமை இன்னும் வந்திருக்காது.

கடித்தாலோ கீறினாலோ பிள்ளைகள் திட்டுக்குப் பயந்து மறைக்கிறார்கள். இதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து. வெறிநாய்க்கடி நோய் நாயால் மட்டும் வருவதில்லை. அந்த நோய் தொற்றிய பூனையாலும் வரும். அறிகுறி தெரிந்த பிறகு அனேகமாக யாரையும் காப்பாற்ற முடிவதில்லை. ஆகவே, திட்ட மாட்டோம், உடனே சொல் என்று பிள்ளைகளிடம் இன்றே சொல்லி வையுங்கள். காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் வைக்காதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ அன்றே போங்கள். தோலில் போடும் ஊசி முதல் நாள், 3, 7, 28-ஆம் நாட்கள் என நான்கு தவணை. இரத்தம் வந்த காயம் என்றால் காயத்தைச் சுற்றி வேறொரு மருந்தும் செலுத்துவார்கள். வீட்டுப் பூனைதானே என்று இருந்துவிடாதீர்கள். அது இரவில் எங்கெல்லாம் போய்வருகிறது என்று நமக்குத் தெரியாது.

மருமகள் உண்டாகியிருக்கிறாள் என்றதும் பூனையைத் துரத்தும் வீடுகள் உண்டு. பயத்துக்குக் காரணமே இல்லை என்று சொல்ல மாட்டோம். பூனையின் மலத்தில் வரும் ஒருவகைக் கிருமி வயிற்றுப் பிள்ளையைப் பாதிக்கலாம். ஆனால் அந்தக் கிருமி மலத்தில் வெளியானவுடனே தொற்றாது, அதற்கு ஒரு நாளாவது ஆகும். மணலைத் தோண்டிப் போய்விட்டு மூடும் பழக்கம் பூனைக்கு இருப்பதால் ஒரு தட்டில் மணல் வைத்தால் அங்கேயே போகும். அந்தத் தட்டை வீட்டில் வேறொருவர் தினமும் சுத்தம் செய்தால் ஆபத்து வெகுவாகக் குறைந்துவிடும். கர்ப்பிணிகள் தோட்ட மண்ணைத் தொட்டபின் கை கழுவுவதும், இறைச்சியை நன்றாக வேகவைத்து உண்பதும் அதைவிட முக்கியம். பூனையை வெளியேற்றிவிட்டு அரைவேக்காட்டுக் கபாப் சாப்பிட்டால் என்ன பயன்?

ஏரிக்கரையில் விடப்படும் குட்டிகளைப் பற்றியும் பேசியாக வேண்டும். பெட்டைப் பூனை ஐந்தாறு மாதத்திலேயே சினைப்படும். ஏறக்குறைய ஒன்பது வாரத்தில் ஈனும். ஒரு ஈற்றில் நான்கைந்து குட்டிகள் வரும். வருடத்துக்கு இரண்டு மூன்று ஈற்று என்றால் எந்த வீடும் தாங்காது என்பது நியாயம்தான். ஆனால் கண் திறந்த குட்டியைச் சாக்கில் கட்டி விடுவது அதைப் பட்டினி போட்டுக் கொல்வதுதான். ஒரு பூனையைக் கட்டிப்போட்டு, தானும் உணவு தராமல், பூமியில் உள்ளதைத் தேடித் தின்னவும் விடாத பெண் வேதனைக்கு ஆளானதை புகாரி, முஸ்லிம் இரண்டு நூல்களும் பதிவு செய்திருக்கின்றன. கருத்தடை அறுவைச் சிகிச்சை பற்றி ஆலிம்களிடையே பேச்சு இருப்பதால், அவர்களிடம் கேட்டுத் தெளிவு பெற்றுக்கொள்ளுங்கள். மருத்துவ ரீதியில் அது சாதாரணச் சிகிச்சை. கடுவனுக்குச் செய்தால் சுவரில் பீய்ச்சுவதும் இரவுச் சண்டையும் பெரும்பாலும் குறைந்துவிடும்.

நம் பகுதிக்குப் பக்கத்திலேயே, குருமாம்பேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பூனைக்கு வெறிநோய்த் தடுப்பூசி மூன்று மாத வயதில் போட ஆரம்பித்து, மருத்துவர் சொல்லும் இடைவெளியில் தொடர வேண்டும். தூக்கிப்போகக் கூடை இல்லாவிட்டால் மூடியுள்ள பிளாஸ்டிக் கூடையில் காற்றோட்டம் இருக்கும்படி பழைய துணி விரித்து உட்கார வையுங்கள். முதல் நாளே கூடையைத் திறந்து கூடத்தில் வைத்துவிட்டால் அதுவாகவே உள்ளே போய்ப் படுத்துக்கொள்ளும்.